ஓடிப்போனவனுக்கு 77ல மன்னிப்பு குடுத்தாங்கன்னு எழுதினது யாரு?

ஹவில்தார் காட்பாடி:
குடியாத்தத்தான் தம்பி நேத்து எழுதினத படிச்சேன். டொரண்டோல அவருக்கு வீடு வாடகைக்கு விட்ட பெரியவரு வியட்நாம் சண்டை நேரத்துல அமெரிக்க ராணுவத்த விட்டுட்டு கனடாவுக்கு ஓடி வந்தவராம், தங்கமான மனுசனாம், கூட உக்காந்து சாப்புடுவாராம். யார் கூட சாப்புடறதுங்கறது அவரவர் இஷ்டம், அதுல நான் வரல. ஆனா முடிக்கறப்ப "1977ல அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் எல்லாரையும் மன்னிச்சுட்டாரு, ராணுவத்த விட்டு வந்தவங்களையும் சேத்து"ன்னு போட்டிருக்கீங்க பாருங்க, அது பச்சப் பொய். கார்ட்டர் 1977 ஜனவரி 21, பதவியேத்த மறுநாள் கையெழுத்து போட்டது ட்ராஃப்டுக்கு, அதாவது பட்டாளத்துக்கு கட்டாயமா ஆள் எடுக்கறதுக்கு, போகாம தட்டிக் கழிச்சவங்களுக்கு. சத்தியப் பிரமாணம் பண்ணி யூனிஃபார்ம் போட்டுட்டு ஓடினவன் அந்த ஆர்டர்ல இல்ல. திருத்திப் போடுங்க.

குடியாத்தத்தான்:
ஐயா வணக்கம். நீங்க தேதி சொல்றீங்க, நான் கூட இருந்து பாத்த மனுசன சொல்றேன். அவரு ட்ரெய்னிங் முடிச்சு லீவுல வந்து, வியட்நாமுக்கு கப்பல் ஏத்தறதுக்கு முன்னாடி டெட்ராய்ட்லேருந்து பஸ்ல பாலம் தாண்டி கனடா பக்கம் இருக்கற வின்ட்சருக்கு போனவரு. பட்டாளத்து கிராப்பு இன்னும் வளரலன்னு வழி பூரா தொப்பிய கழட்டவே இல்லையாம். 1969 மே மாசம் கனடா அரசாங்கமே எல்லைல இனிமே மிலிட்டரி விவரம் கேக்க வேணாம்னு சொல்லிடுச்சு. அங்கயே குடியிருந்தாரு. அப்புறமா அமெரிக்கா போய் அவங்கம்மாவ பாத்துட்டும் வந்தாரு. மன்னிப்பு இல்லன்னா எப்படி போயிருப்பாரு?

ஹவில்தார் காட்பாடி:
எந்த பேப்பர வெச்சு போனாரு? அத சொல்லுங்க.

குடியாத்தத்தான்:
சரண்டர் ஆகி, பட்டாளத்துலேருந்து விடுவிச்சாச்சுன்னு டிஸ்சார்ஜ் பேப்பர் வாங்கினாரு. நல்ல டிஸ்சார்ஜ் இல்ல, மட்டமானதுதான், ஒத்துக்கறேன். ஆனா ஜெயில்ல போடல, வெளிய விட்டாங்க. அதுக்கு பேரு மன்னிப்பு இல்லையா?

ஹவில்தார் காட்பாடி:
இல்ல. மட்டமான டிஸ்சார்ஜ் தண்டனை. அத கைல வெச்சுக்கிட்டு மன்னிப்புன்னு சொல்றீங்க. 77 மன்னிப்புல டிசெர்ட்டர், அதாவது பட்டாளத்த விட்டு ஓடினவன், கிடையாது. இத நான் பத்து தடவ வேணா எழுதுவேன்.

மோர்தானா:
ரெண்டு பேரும் மொதல்ல டிசெர்ட்டர்னா யாரு, மனசாட்சிக்காக மறுக்கறவன்னா யாரு, ட்ராஃப்டுக்கு போகாதவன்னா யாருன்னு பேசி வெச்சுக்கங்கப்பா. மூணையும் ஒரே சட்டில போட்டு கிண்டறீங்க.

பரதராமி அக்கா:
அது கெடக்கட்டும் மோர்தானா. ஹவில்தார் சார், நான் கேக்கறதுக்கு பதில் சொல்லுங்க. 1969 டிசம்பர் 1ஆம் தேதி அமெரிக்காவுல கண்ணாடி ஜாடில 366 நீல உருளைய போட்டு, ஒவ்வொண்ணுக்குள்ள ஒரு பொறந்த தேதி, கைய விட்டு எடுத்து டிவில காட்டினாங்க. மொதல்ல வந்தது செப்டம்பர் 14. அந்த தேதில பொறந்த பசங்கதான் மொதல்ல பட்டாளத்துக்கு போகணும். உங்க பையன் பொறந்த தேதிய அப்படி எடுத்தா நீங்க வேணாம்பீங்களா மாட்டீங்களா? நம்ம ஊர்ல சேரு, சேராதன்னு யாரும் கட்டாயப்படுத்தல, பசங்க செலக்‌ஷனுக்கு அவங்களே ஓடறாங்க. அங்க நெலம வேற.

ஹவில்தார் காட்பாடி:
கட்டாயம் வேற, ஓடறது வேறம்மா. முகமது அலிய எடுத்துக்கங்க. 1967ல ஹூஸ்டன்ல பட்டாளத்துல சேக்க பேர கூப்புட்டப்ப முன்னாடி வரல. பட்டத்த புடுங்கினாங்க, அஞ்சு வருசம் ஜெயில்னு தீர்ப்பு. மேல்முறையீடு பண்ணிக்கிட்டு அங்கயே நின்னாரு, 1971ல சுப்ரீம் கோர்ட் தண்டனைய ரத்து பண்ணுச்சு. எந்த பாலத்தயும் தாண்டல. வெள்ளக்காரன் பட்டாளத்துல இருந்த நம்ம சந்திர சிங் கர்வாலி, 1930ல பெஷாவர்ல, ஆயுதம் இல்லாத ஜனங்கள சுடுன்னு சொன்னப்ப மாட்டேன்னாரு. ஆயுள் தண்டனை குடுத்தாங்க, வாங்கிக்கிட்டாரு. அவருக்கு நான் சல்யூட் அடிப்பேன். உங்க டொரண்டோ பெரியவருக்கு அடிக்க மாட்டேன். கம்மவான்பேட்டைல வீட்டுக்கு வீடு பட்டாளத்தான், அங்க வந்து டிசெர்ட்டர் எனக்கு சிநேகிதன்னு சொல்லிப் பாருங்க. எங்க யூனிட்ல ஒருத்தன் லீவு முடிஞ்சு வரலன்னா 30 நாள்ல கோர்ட் ஆஃப் என்கொயரின்னு பட்டாளத்து விசாரண, ஊர் போலீஸுக்கு பேப்பர் போகும், ஜீப்பு வந்து வீட்டு வாசல்ல நிக்கும், அவன் தங்கச்சிக்கு பாத்த மாப்பிள்ள வீட்டுக்காரன் பின்வாங்குவான். கூட இருந்தவன் அவன் சென்ட்ரி (காவல்) டூட்டியயும் சேத்து பாக்கணும். இதெல்லாம் உங்களுக்கு எங்க தெரியப்போவுது.

சித்தூர்வாசி:
சார் நல்லா நியாயம் பேசறீங்க. 1806 ஜூலை 10 வேலூர் கோட்டைல புதுத் தலப்பாகைய போட மாட்டோம்னு கெளம்புன சிப்பாய்ங்க, ஆற்காட்டுலேருந்து வெள்ளக்கார அதிகாரி கில்லஸ்பி குதிரப்படையோட வந்ததும் எத்தன பேரு செவுரு ஏறிக் குதிச்சு தப்பிச்சாங்க? அவங்களும் டிசெர்ட்டரா? அவங்கள ஒளிச்சு வெச்ச ஊர்க்காரன் தப்பு பண்ணானா?

ஹவில்தார் காட்பாடி:
அவங்க கோட்டைய புடிச்சவங்க. சண்ட போட்டுட்டு போனவங்க. அந்தக் கதைய சித்தூர்லேருந்து எனக்கு சொல்ல வேணாம்.

சித்தூர்வாசி:
ஏன் சொல்லக் கூடாது? 1911 வரைக்கும் வட ஆற்காட்டுக்கு தலைநகரமே சித்தூர்தான் சார். திருத்தணி 1960ல தமிழ்நாட்டுப் பக்கம் வந்துச்சு, நாங்க ஆந்திராப் பக்கமே நின்னுட்டோம், அதுக்காக வேலூர் கோட்டைல எங்களுக்கு பாத்தியத இல்லையா? பாலாறு தடுப்பணை பத்தி பேசுனப்பவும் இதேதான், எங்கள ஆந்திராக்காரன்னு சொல்லி வாய அடைச்சீங்க. நான் மறக்கல.

ஹவில்தார் காட்பாடி:
தண்ணிய அங்க கட்டி வெச்சா சொல்லத்தான் செய்வேன். அதுவும் இதுவும் ஒண்ணா? 77 மன்னிப்புல டிசெர்ட்டர் இருந்தானா இல்லையா, ஒரே வார்த்தைல சொல்லுங்க.

பரதராமி அக்கா:
77ஐயே புடிச்சு தொங்குறீங்களே, 74ல கார்ட்டருக்கு முந்தின ஜனாதிபதி ஃபோர்டு கொண்டுவந்தது ஞாபகம் வரலயா? செப்டம்பர் 16. அதுல டிசெர்ட்டரும் உண்டு. 24 மாசம் வரைக்கும் பொதுச்சேவை பண்ணு, கேச முடிச்சுக்கலாம்னாங்க.

ஹவில்தார் காட்பாடி:
நிபந்தன போட்டது மன்னிப்பு ஆகாது. தம்பி எழுதினது கார்ட்டர். நான் கேக்கறதும் கார்ட்டர்.

குடியாத்தத்தான்:
ஐயா உங்களுக்கு தேதிதான் பெருசு. 1967ல இன்ட்ரெபிட்ங்கற அமெரிக்க போர்க்கப்பல்ல இருந்து நாலு மாலுமிங்க ஜப்பான்ல இறங்கி திரும்பிப் போகல. பாஷ தெரியாதவங்க, முகம் பாத்தாலே வெளிநாட்டுக்காரன்னு தெரியும். அங்க இருந்த சாதாரண ஜனங்க அவங்கள வீட்ல வெச்சு சோறு போட்டு, சோவியத் கப்பல்ல ஏத்தி அனுப்பினாங்க, கடைசில ஸ்வீடன் போய் சேந்தாங்க. சோறு போட்டவங்க எந்த ஆர்டர் படிச்சாங்க? நான் டொரண்டோவுக்கு போன மொத குளிர்காலத்துல காய்ச்சல்ல கெடந்தப்ப அந்தப் பெரியவரு மாடிப்படி ஏறி வந்து கஞ்சி மாதிரி ஒண்ணு காய்ச்சிக் குடுத்தாரு. தோள்ல ஒரு கைய ஊணிக்கிட்டு ஊட்டினாரு. அவர நீங்க கோழைன்னா எனக்கு கோவம் வருது. நான் எழுதின வரிய எடுக்க மாட்டேன்.

ஹவில்தார் காட்பாடி:
கோழைன்னு நான் எங்க எழுதினேன்? காட்டுங்க. கஞ்சி குடுத்தது நல்ல குணம், அதுக்கும் 77க்கும் என்ன சம்பந்தம்? அவருக்கு பதிலா வேற ஒரு அம்மா பெத்த புள்ள அந்த கப்பல் ஏறிச்சு, அத பத்தி ஒரு வரி எழுதினீங்களா?

குடியாத்தத்தான்:
அவரு எழுதினாரு ஐயா. ஒவ்வொரு வருசமும் அவரு பட்டாலியன்ல செத்தவங்க பேர நோட்ல எழுதுவாரு. நான் பாத்திருக்கேன்.

ஹவில்தார் காட்பாடி:
பேர் எழுதறது போதாது.

சித்தூர்வாசி:
உங்களுக்கு எதுதான் போதும் சார்? பாலாறுலயும் போதல, இதுலயும் போதல.

ஹவில்தார் காட்பாடி:
பாலாறுக்கு தனியா ஆரம்பி, வரேன். பாலாத்துல ஆந்திரா கட்டப் பாத்த கணேசபுரம் அணைலேருந்தே ஆரம்பி.