புதுப்பிப்பு: மொறிஸ் மைனரில் பெற்றோல் வழிந்தது நின்றுவிட்டது

முன்பு கேட்டிருந்தேன்: கராச்சில் பெற்றோலை இழுத்துத் தரும் புது மின்பம் பூட்டிய பிறகு எங்கள் மைனர் 1000இன் காபரேற்றர் (பெற்றோலைக் காற்றோடு கலக்கும் பகுதி) நிரம்பி வழிகிறது, பிளக் கறுக்கிறது, மாங்குளம் தாண்டமுன் காருக்குள் பெற்றோல் மணம். காபரேற்றருக்குள் பெற்றோல் வரும் வழியை மூடும் ஊசி வால்வை மாற்றச் சொன்னவர்களே அதிகம். மாற்றியும் நிற்கவில்லை.

பிரச்சினை பம் பெற்றோலைத் தள்ளும் அழுத்தத்தில். அழுத்தம் அளக்கும் கேஜ் பூட்டிப் பார்த்தால் 5 பிஎஸ்ஐக்கு (அழுத்த அலகு) மேல் காட்டியது! மைனரில் உள்ள எஸ்யூ நிறுவனக் காபரேற்றரின் ஊசி வால்வு ஏறக்குறைய 3 வரைதான் தாங்கும். மைனரோடு வந்த எஸ்யூ பம் தருவதே 1.5 அளவு. 3க்கு மேல் போனால், காபரேற்றர் கிண்ணத்தில் பெற்றோலோடு உயரும் மிதவை முழுதாக உயர்ந்தாலும் ஊசியை மூடிப் பிடிக்க முடியாது.

அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேற்றர் பூட்டியும் சமாளிக்கலாம். நான் பழைய பம்மையே திருத்தினேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைச் சொட்டாக விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடிய கார் இது. அந்தப் பம்மை எறிய மனமில்லை. பம்முக்குள் மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் பொயின்ற் தீய்ந்து, பெற்றோலை இழுத்துத் தள்ளும் சவ்வான டயபிரம் விறைத்திருந்தது. இரண்டும் புதிது.

இப்போது சாவி போட்டதும் டிக் டிக் என்று அடித்து, கிண்ணம் நிரம்பியதும் ஓய்கிறது. இன்ஜின் ஓடாதபோதும் ஓயாமல் அடித்தால், உறிஞ்சும் குழாயில் காற்று போகிறதா, எங்காவது ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

பொயின்ற் இல்லாத எலெக்ரோனிக் பம் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: வாங்கலாம், ஆனால் மைனரில் பொசிற்றிவ்தான் எர்த் (பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் கார் பொடியோடு இணைந்திருக்கும்). அதற்குப் பொருந்துவதா என்று பார்த்து வாங்குங்கள்.