மறு: ‘கிரவுண்ட் பிளேன்’ – தரைத்தளம் வேண்டாமே

குழும நண்பர்களுக்கு வணக்கம். மொட்டைமாடியில் சி.பி. ரேடியோ ஏரியல் கட்டுவதற்கான நம் தமிழ்க் கையேட்டு வரைவில், ஏரியலின் அடியில் விரியும் கம்பிகளான ‘கிரவுண்ட் பிளேன்’ என்பதைத் ‘தரைத்தளம்’ என்று மொழிபெயர்த்திருக்கிறது. வரைவிலும் உங்கள் மடல்களிலும் வந்த வரிகளைக் கீழே எடுத்துக்காட்டிப் பதில் எழுதுகிறேன்.

> தரைத்தளத்தின் நான்கு கம்பிகளையும் ஏரியலின் அடியில் சமமாக விரித்துப் பொருத்தவும்.

கையேட்டு வரைவில் மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும், இந்த வரியை மட்டும் மாற்றியே ஆகவேண்டும். தண்டையார்பேட்டையில் எந்த அடுக்குமாடிக்குப் போனாலும் தரைத்தளம் என்றால் பைக் நிற்கிற இடம், மோட்டார் ரூம், வாட்ச்மேன் நாற்காலி. வீட்டுப் பத்திரத்திலும் அதே சொல்தான். ‘தரைத்தள ஏரியல்’ என்று அச்சடித்தால், கீழ்வீட்டில் குடியிருப்பவருக்கான ஏரியல் போலிருக்கிறது என்று மாடிக்காரர் பக்கத்தைத் திருப்பிவிடுவார். மொழிபெயர்த்தவர் மேல் குறை சொல்லவில்லை. அந்தச் சொல்லை ஊர் ஏற்கெனவே வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டது.

சொல் தேடுமுன் பொருளைப் பார்த்துவிடுவோம். நாம் விளக்கப்போவது கால் அலைநீளச் செங்குத்து ஏரியல். பொதுமக்கள் ரேடியோவில் பேசிக்கொள்வதற்கான அமெரிக்க சிட்டிசன் பேண்டின் (சி.பி.) 40 சேனல்களும் 26.965 முதல் 27.405 மெகாஹெர்ட்ஸ் வரை. நடுவில் 27.185-ஐ எடுத்துக்கொண்டால் அலைநீளம் 11 மீட்டர் சொச்சம், அதில் கால் பங்கு 2.76 மீட்டர். உலோகக் கம்பியில் ஐந்து விழுக்காடு போல கழித்தால் வெட்டவேண்டிய நீளம் சுமார் 2.62. உரிமம் வைத்திருக்கும் ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) நண்பர்கள் இதே சி.பி. ஏரியலை வாங்கி 28.5 மெகாஹெர்ட்ஸுக்காக நீளத்தைக் குறைத்துக்கொள்வார்கள்; அதற்கு 2.5 மீட்டர் போதும். (நம் நாட்டில் உரிமமில்லாமல் விட்டிருப்பது 26.957 முதல் 27.283 வரை, அதுவும் 5 வாட்டுக்குள். கருவி வாங்குமுன் விதியை முழுதாகப் படியுங்கள் என்று முதல் பக்கத்திலேயே போட்டுவிடலாம்.)

நிமிர்ந்து நிற்கும் அந்தக் கம்பி அரை ஏரியல்தான். அதில் ஏறுகிற மின்னோட்டத்துக்கு ஈடாக மறுபக்கமும் ஓடியாக வேண்டும். நிலத்தில் நட்டால் அந்த வேலையை மண் அரைகுறையாகச் செய்யும். மொட்டைமாடியில் மண்ணுக்கு எங்கே போவது? அதனால்தான் கால் அலைநீளத்தில் நான்கு கம்பிகளை அடியில் விரித்து, தரை செய்யவேண்டியதை அவற்றின் தலையில் கட்டுகிறோம். அதையும் கொடுக்காவிட்டால் கேபிளின் வெளிவலை தானாகவே அந்த இடத்துக்கு வந்துவிடும். அப்புறம் கேபிளைக் கையில் பிடித்தாலே மீட்டர் முள் நகரும், மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்று இழுக்கும்.

> ‘புவித்தளம்’ போதுமே? எர்த் என்றால் புவிதானே.

எனக்குப் பயமே இந்த இடத்தில்தான். வியாசர்பாடியில் ஒரு வீட்டு மாடியில் இந்த நாலு கம்பி விவகாரத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, கூட வந்த வயர்மேன் சொன்னார்: “எர்த்து கீழயே இருக்கு சார், பைப்பு எறக்கி உப்பு கரி எல்லாம் போட்டிருக்கு. ஒரு பச்ச வயர் இஸ்து வுட்டா முடிஞ்சிது, இதுக்கு எதுக்கு நாலு கம்பி?” அவர் தொழிலில் அது சரியான பேச்சு. ஆனால் மூன்று மாடி இறங்குவதற்குள் அந்தப் பச்சை வயர் 10 மீட்டரைத் தொட்டுவிடும். 27 மெகாஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட ஒரு முழு அலைநீளம். மின்கசிவுக்கு எர்த் ஆக இருப்பது ரேடியோ அலைக்கு இன்னொரு ஏரியலாக ஆகிவிடும். அதே சமயம் இடி மின்னலுக்காகக் கம்பத்துக்குத் தனி எர்த் கட்டாயம் வேண்டும். இரண்டும் வேண்டும், ஒன்றுக்கு மற்றது மாற்றாகாது. எனவே புவி, நிலம், எர்த் என்று எது ஒட்டிக்கொண்டு வந்தாலும் வேண்டாம் என்பேன்.

> ‘போலித்தரை’ எப்படி?

பொருள் பொருந்துகிறது. ஆனால் நம் பக்கத்தில் போலி, தரை இரண்டும் சேர்ந்து வந்தால் நேரே சார்பதிவாளர் அலுவலகம்தான் நினைவுக்கு வருகிறது.

> ‘எதிர்த்தளம்’?

எதிர் என்றால் மைனஸ் என்று படித்து வளர்ந்தவர்கள் பேட்டரியின் கறுப்பு வயரைத் தேடுவார்கள். தாழ்வான அலைவரிசைகளில் தரைக்குச் சற்று மேலே ஒற்றைக் கம்பியை இழுத்துக் கட்டுவார்களே, அதற்கு ‘எதிர்க்கம்பி’ என்று பின்னால் வேண்டியிருக்கும். அதற்காக எடுத்து வைப்போம்.

என் முன்மொழிவு: பொய்த்தரை. பொய்க்கால் குதிரை ஆடுகிறவரை யாரும் பொய்யர் என்று சொல்வதில்லை. பொய்முடியும் அப்படித்தான். அசலின் இடத்தில் நின்று அசலின் வேலையைச் செய்வதற்குத் தமிழ் ‘பொய்’ சேர்ப்பது பழைய வழக்கம். மேலும், இது தரை இல்லை என்று சொல்லே எச்சரித்துவிடுகிறது. பச்சை வயரை இழுத்துவிட யாருக்கும் கை போகாது.

அடுத்து, அந்த நாலு கம்பியில் ஒன்றை எப்படி அழைப்பது? வரைவில் ‘ஆரக்கம்பி’. வட்டத்தின் ஆரம், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் எல்லாம் தெரிந்த சொற்கள், குற்றமில்லை. ஆனால் காசிமேட்டில் படகு வேலையும் பால்கனி கிராதியும் செய்கிற ஒரு வெல்டிங் பட்டறையில் வட்டத் தகட்டைக் காட்டி, நாலு பக்கமும் கம்பி இப்படி இறங்கவேண்டும் என்று கை சாய்த்ததும், “கொடக்கம்பியாட்டம் சரிச்சு வுடணும், அவ்ளோதானே?” என்றார் பட்டறைக்காரர். வரைபடத்தை அவர் பார்க்கக்கூட இல்லை. தகட்டின் விளிம்பில் நாலு இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, பட்டையை வைஸில் கவ்வ வைத்துச் சுத்தியலால் தட்டி வளைத்தார். 45 பாகை சரியாகவே வந்தது.

இந்தச் சரிவு அழகுக்காக இல்லை. கம்பிகள் கிடைமட்டமாக இருந்தால் ஏரியலின் மின்மறுப்பு (இம்பிடன்ஸ்) 36 ஓம் அளவில் நிற்கும். 45 பாகைக்குச் சரித்தால் 50 ஓமுக்குப் பக்கத்தில் வந்துவிடும், கேபிளுக்கும் அதுதான் வேண்டும். ‘ஆரக்கம்பி’ திசையை மட்டும் சொல்கிறது, ‘குடைக்கம்பி’ சரிவையும் சேர்த்துச் சொல்கிறது. மண்ணில் புதைக்கும் கம்பிகளுக்கு இது பொருந்தாது என்ற வாதம் வரும். வரட்டும். பொதுச்சொல்லாக ஆரக்கம்பி இருக்கட்டும், மாடி ஏரியலுக்கான இந்தக் கையேட்டில் குடைக்கம்பி.

> ட்யூனிங் = அலைவரிசை பிடித்தல்?

அது ரேடியோ கேட்பவர் வேலை. இங்கே கருவியின் நீளத்தையே மாற்றுகிறோம். மிருதங்கக்காரர் சொல்லும் ‘சுருதி சேர்த்தல்’தான் சரி. நமக்கு அனுமதியுள்ள சேனல்களில் முதலாவதிலும் கடைசியிலும் நிலை அலை விகிதத்தை (அனுப்பிய அலையில் எவ்வளவு ஏரியலிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். அளவு) அளக்கவேண்டும். கடைசியில் அதிகம் காட்டினால் கம்பி நீளம், முதலாவதில் அதிகம் காட்டினால் குட்டை. கிளிப்பைத் தளர்த்தி உள்குழாயை நகர்த்தி, மறுபடி அளவு. வெட்டியே ஆகவேண்டுமென்றால் துளித்துளியாக.

இன்னொன்று, நிலை அலை விகிதத்தை ‘தர விகிதம்’ என்று ஒருவர் சுருக்கியிருக்கிறார். கூடவே கூடாது. ஏரியலுக்குப் பதில் 50 ஓம் மின்தடையை மாட்டினால் மீட்டர் 1-க்கு 1 என்று அருமையாகக் காட்டும், ஆனால் பக்கத்துத் தெருவுக்குக்கூடக் கேட்காது. நீளமான மெல்லிய கேபிளும் இப்படித்தான் ஏமாற்றும்: திரும்பி வரும் அலையை வழியிலேயே தின்றுவிடும், ரேடியோ பக்கத்தில் எல்லாம் சரியாகத் தெரியும். 1.5 என்றால் திரும்புவது 4 விழுக்காடுதான், 2 என்றால் 11. ஒன்றரைக்கு வந்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடலாம். ரேடியோவின் பக்கத்தில் வைக்கும் ‘ஆன்டெனா ட்யூனர்’ பெட்டியும் ஏரியலில் எதையும் மாற்றுவதில்லை, ரேடியோவைத்தான் சமாதானப்படுத்துகிறது. அதற்குப் ‘பொருத்துப்பெட்டி’ போதும். சுருதி அங்கே வரவேண்டாம்.

– கொருக்குப்பேட்டையிலிருந்து

----------

தம்பிக்கு,

பொய்த்தரைக்கு என் ஓட்டு. முதலில் காதுக்கு ஒரு மாதிரி இருந்தது, பொய்க்கால் சொன்னதும் சரியாகிவிட்டது. குடைக்கம்பியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், பட்டறைக்காரர் வைத்த பெயரை நாம் மாற்ற முடியுமா என்ன.

ஆனால் சொல் சொல் என்று போனதில் திருவொற்றியூர்க் காற்றை மறந்துவிட்டீர்கள். கையேட்டில் ‘கம்பிகளை போல்ட் கொண்டு இணைக்கவும்’ என்று மட்டும் இருக்கிறது. அலுமினியக் குழாயோடு செம்புக் கம்பியை நேராக வைத்து முடுக்கினால், கடலோரத்தில் சில மழைக்காலம் போவதற்குள் வெள்ளைப் பொடி பூத்து இணைப்பு கழன்றுவிடும். இரண்டுக்கும் நடுவே ஸ்டெயின்லெஸ் வாஷர், போல்டும் ஸ்டெயின்லெஸ். கேபிள் முனைக்கு, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். ரேடியோவில் சத்தம் குறைந்துவிட்டது என்று புலம்புகிற பாதிப் பேருக்கு வியாதி அந்த முனைக்குள் இருக்கும் தண்ணீர்தான்.

கம்பம் சாயாமல் இழுத்துக் கட்டும் கம்பியை (ஆங்கிலத்தில் ‘கை ஒயர்’) ‘கை கம்பி’ என்று எழுதியிருப்பதை எடுத்துவிடுங்கள், யாருக்கும் புரியாது. ஈ.பி. ஆள் ‘ஸ்டே கம்பி’ என்பார், அதுவே இருக்கட்டும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்தபோது மாடிகளிலிருந்து என்னென்ன பறந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஸ்டே இல்லாமல் கம்பம் நடக்கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போடவேண்டும். அதைவிட முக்கியம் மின்கம்பி. நம் சந்துகளில் மாடியிலிருந்து கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் லைன் போகிறது. கம்பமும் ஏரியலும் சேர்ந்த உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி இடம் இல்லையென்றால் அந்த மாடியில் நடவே வேண்டாம்.

----------

ஐயா, மூன்றையும் சேர்த்துவிட்டேன். மின்கம்பிப் பத்தி முதல் பக்கத்துக்குப் போய்விட்டது, உரிமக் குறிப்புக்கும் மேலே. பொய்த்தரை, குடைக்கம்பி, சுருதி சேர்த்தல், பொருத்துப்பெட்டி நான்குக்கும் மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். ‘அலைவாங்கி’யா ‘ஏரியல்’ஆ என்று பெரம்பூர் நண்பர் தனி மடலில் கிளப்பியிருக்கிறார், அனுப்பவும் செய்கிற ஒன்றை வாங்கி என்று சொல்வது எனக்கும் உறுத்துகிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். அதுவரை கையேட்டில் ஏரியல்தான்.