பிக் டென்னில் யார்தான் சாம்பியன்: யூஎஸ்சியா, யூசிஎல்ஏவா?

பாலு ஆர்டீசியா · 10 மார்ச் 2025, காலை 7:40

எல்லோருக்கும் வணக்கம். எனக்குத் தெரிந்த விளையாட்டு கிரிக்கெட் ஒன்றுதான், அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் சிரித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. நவம்பரில் தோழி வீட்டில் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து, யூஎஸ்சி அணியின் ஜூஜூ வாட்கின்ஸ் ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து பின்னல் போச்சு, தினமும் ஜூஜூ மாதிரி உச்சியில் கொண்டை. எங்கள் அம்மாவுக்கு அதில் மகா வருத்தம். துணைக்கு உட்கார்ந்த எனக்கு இப்போது அவளைவிடப் பைத்தியம் முற்றிவிட்டது.

யூஎஸ்சி, யூசிஎல்ஏ இரண்டும் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழக அணிகள். மார்ச் 1 அன்று யூஎஸ்சி, யூசிஎல்ஏவின் பாவ்லி பவிலியன் அரங்குக்கே போய் 80-67 என்று ஜெயித்தது. பிக் டென் சாம்பியன் என்றார்கள். வீட்டில் கேசரி கிண்டினோம். நேற்று இண்டியானாபொலிஸில் அதே யூசிஎல்ஏ அதே யூஎஸ்சியை 72-67 என்று ஜெயித்ததும், அவர்களும் பிக் டென் சாம்பியன் என்கிறார்கள். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அப்ப கேசரி வேஸ்டாப்பா?" என்கிறாள்.

ஒரே வருஷத்தில் ஒரே லீகில் இரண்டு சாம்பியனா? அடுத்து நாடு முழுவதுக்குமான 68 அணிப் போட்டி வேறு வருகிறதாம். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அடுத்த சீசனையாவது ஆரம்பத்திலிருந்து புரிந்து பார்க்க வேண்டும்.

ஒஹாயோ மாப்பிள்ளை · 10 மார்ச், காலை 9:15

சார், கான்ஃபரன்ஸ் பட்டம் என்பது நிச்சயதார்த்தம் மாதிரி. கல்யாணம், அதாவது அந்த 68 அணிப் போட்டியின் இறுதி ஆட்டம், ஏப்ரலில் டாம்பாவில். அங்கே கோப்பையைத் தூக்குகிறவள்தான் சாம்பியன். மற்றதெல்லாம் தாம்பூலப் பை.

ஸ்கோர் நோட்டு · 10 மார்ச், இரவு 10:50

மாப்பிள்ளை, குடும்பம் எப்படிப்பட்டது என்று நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் போய்வந்து பேசும்போதுதான் தெரியும். கல்யாணத்தன்று எல்லாரும் பட்டுப்புடவைதான்.

பாலு தம்பி, கேசரி வேஸ்ட் இல்லை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருநெல்வேலியில் கல்லூரி அணியில் மூன்று வருஷம் இருந்தவள். இருந்தேன் என்றால் பெஞ்சில் இருந்தேன். சும்மா உட்கார வேண்டாம் என்று கோச் என் கையில் ஸ்கோர் நோட்டைத் திணித்தார். அந்தப் பழக்கம் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் டாரன்ஸுக்குக் குடிவந்து இருபது வருஷம் ஆகியும் விடவில்லை. எந்த ஆட்டம் பார்த்தாலும் மடியில் கட்டம் போட்ட நோட்டு. இரண்டு புள்ளிக்கு ஒரு கோடு. மூன்று புள்ளியென்றால் கோட்டைச் சுற்றி வட்டம். ஃப்ரீ த்ரோவுக்கு (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லாத எறிதல்) ஒரு சின்னப் பொட்டு, தவறவிட்டால் அதன்மேல் வெட்டு. பிளாக்குக்கு, அதாவது எதிரணி எறியும் பந்தைத் தட்டிவிடுவதற்கு, முக்கோணம்.

கான்ஃபரன்ஸ் என்பது மாநாடு இல்லை, கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் லீக். பிக் டென் என்று பெயர், அணிகள் பதினெட்டு, கணக்குப் பார்க்காதீர்கள். போன ஆகஸ்டில்தான் யூஎஸ்சி, யூசிஎல்ஏ, ஆரிகன், வாஷிங்டன் நான்கும் பசிபிக் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தன. அதனால்தான் நம் லாஸ் ஏஞ்சலிஸ் பெண்கள் நியூ ஜெர்சி வரை போய் ரட்கர்ஸோடும், அப்படியே மேரிலாந்தோடும் ஆட வேண்டியிருந்தது. மூன்று மணி நேர வித்தியாசம் உடம்புக்குத் தெரியும்.

ஒவ்வொரு அணிக்கும் லீகில் 18 ஆட்டம். மற்ற பதினேழு அணிகளில் பதினாறோடு ஒரே ஒரு தடவை, ஒன்றோடு மட்டும் இரண்டு தடவை. யூஎஸ்சிக்கு அந்த இரண்டு தடவை யூசிஎல்ஏ. மற்றவர்களோடு நம் ஊரா அவர்கள் ஊரா என்பது அட்டவணை போடுகிறவர் கையில். அயோவாவோடு ஆடியது அயோவாவில் மட்டும், அதுவும் பிப்ரவரி 2, அவர்களுடைய பழைய நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க்கின் 22ஆம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்த நாளில். யூஎஸ்சி 76-69 என்று தோற்றது. அயோவா பதிலுக்கு யூஎஸ்சியின் அரங்கமான கேலன் சென்டருக்கு வரவே இல்லை. வந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று நான் இன்னும் புலம்புகிறேன்.

இதனால் அட்டவணை சமமில்லை என்பது உண்மை. ஆனாலும் எனக்குப் பட்டம் என்றால் அந்த 18 ஆட்டம்தான். ஏன் என்கிறேன். மார்ச் 1 பாவ்லிக்குள் நுழையும்போது இரண்டு அணியும் லீகில் 16-1, ஜெயித்தது 16, தோற்றது 1. யூஎஸ்சி தோற்றது அயோவாவிடம். யூசிஎல்ஏ அந்த வருஷம் முழுக்கத் தோற்றதே ஒரே ஒரு ஆட்டம், பிப்ரவரி 13, பன்னிரண்டு மைல் தள்ளி இருக்கும் இதே யூஎஸ்சியிடம். இரண்டு மாதம் நாடு முழுக்கச் சுற்றி, பனியிலும் மழையிலும் ஆடி, கடைசி நாளில் பக்கத்து வீட்டுக்காரியோடு வாசலில் நின்றுகொண்டு 'யார்?' என்று கேட்கிற மாதிரி. யூஎஸ்சி 17-1, யூசிஎல்ஏ 16-2. யூஎஸ்சிக்கு 1994க்குப் பிறகு இதுதான் முதல் லீக் பட்டம். கேசரி கிண்டாமல் என்ன செய்வது?

அந்தப் பிப்ரவரி 13 பக்கத்தை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். அன்றுவரை யூசிஎல்ஏ 23-0, நாட்டின் முதலிடம். 71-60. ஜூஜூவின் வரிசையில் 38 புள்ளி, 11 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 8 முக்கோணம். பிளாக்குக்கு நான் நான்கு கட்டம்தான் ஒதுக்குவது வழக்கம். உட்பக்கம் ஆடும் உயரமான பெண்களுக்கே அது தாராளம். ஐந்தாவது முக்கோணத்தை ரீபவுண்ட் கட்டத்துக்குள் இடித்துப் போட்டேன். கடைசி மூன்றும் ஓரத்தில், நோட்டின் சிவப்புக் கோட்டுக்கு வெளியே. வீட்டுக்காரர் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "யாரையாவது திட்டி எழுதுறியா?" என்றார். பேனா அவ்வளவு அழுத்தம்.

இன்னொரு தலைவலி: இரண்டு அணியிலும் ஒரு கிகி. அங்கே கிகி ரைஸ், இங்கே கிகி இரியாஃபென். வர்ணனையாளர் 'கிகி' என்றதும் எந்தப் பக்கம் கோடு போடுவது என்று ஒரு நொடி கை நின்றுவிடும்.

இப்போது நேற்றைய கதை. லீக் ஆட்டம் முடிந்ததும் பதினெட்டில் முதல் பதினைந்து அணிகள் ஒரே ஊரில் கூடி, தோற்றால் வீடு என்கிற முறையில் ஐந்து நாள் ஆடுகின்றன. முதல் நான்கு இடத்துக்கு நேரே காலிறுதி. அப்படிப் பார்த்தாலும் மூன்று நாளில் மூன்று ஆட்டம். நேற்று யூசிஎல்ஏ பதின்மூன்று புள்ளி பின்தங்கியிருந்து மேலே வந்தது. மூன்றாவது தடவை சந்திக்கும்போது ஒளிக்க எதுவும் இல்லை. லாரன் பெட்ஸ் ஆறடி ஏழங்குலம். அவளிடம் பந்து போனபிறகு தடுப்பதில் பிரயோஜனம் இல்லை, அதற்கு முன்பே தடுக்க வேண்டும். அவளோ பந்து வருமுன்னே முதுகால் இடம் பிடித்து, இரண்டு முழங்காலையும் மடக்கி உட்கார்ந்துவிடுவாள். அடுத்த ஆட்டத்தில் மகளைப் பந்தைப் பார்க்காமல் ஐந்து நிமிஷம் பெட்ஸின் காலை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆக இரண்டும் பட்டம்தான்: ஒன்று லீக் பட்டம், இன்னொன்று போட்டிப் பட்டம். 68 அணிப் போட்டிக்கு நேரடி இடம் போட்டிப் பட்டக்காரருக்குத்தான், லீகில் முதலில் வந்தவருக்கு இல்லை. 31 லீகுகளின் வெற்றியாளர்களுக்கு 31 இடம். மீதி 37 இடத்தைத் தேர்வுக் குழு பார்த்துத் தரும். யூஎஸ்சி மாதிரி பெரிய வீட்டுப் பெண்ணுக்கு அந்த 37ல் இடம் நிச்சயம், நேற்றைய தோல்வியால் பெரிய நஷ்டம் இல்லை. சின்ன லீகில்தான் கொடுமை. இரண்டு மாதம் எல்லாரையும் ஜெயித்துவிட்டு மார்ச்சில் ஒரு சாயங்காலம் சறுக்கினால் சீசன் முடிந்தது.

அடுத்த சீசனுக்கு ஒரு யோசனை: ஸ்கோரை விடுங்கள், ஃபவுலை எண்ணச் சொல்லுங்கள். பெண்கள் கல்லூரி ஆட்டம் பத்து நிமிஷமாக நான்கு குவார்ட்டர். ஒரு குவார்ட்டரில் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. அடுத்த குவார்ட்டரில் கணக்கு மறுபடி பூஜ்யம். ஒருத்திக்கு ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே. முதல் குவார்ட்டரிலேயே பெரிய ஆட்டக்காரிக்கு இரண்டு விழுந்தால் கோச் அவளை உட்கார வைப்பார். ஆட்டம் அங்கேதான் திரும்பும். டிவியில் மூலையில் சின்னதாகப் போடுவார்கள், யாரும் பார்ப்பதில்லை.

அயோவா சிட்டி தம்பி · 11 மார்ச், அதிகாலை 12:30

அக்கா, அந்த ஒரு தோல்வியை எழுதியதற்கு நன்றி. நான் அங்கே இருந்தேன். அயோவாவின் கார்வர்-ஹாக்ஐ அரீனா பூமிக்குள் தோண்டின கிண்ணம் மாதிரி. வாசலில் நுழைந்தால் மேல் வரிசை, அங்கிருந்து கீழே இறங்கணும். நம்மூர்க் கோயில் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்த மாதிரியே இருக்கும். எங்கு பார்த்தாலும் 22. எல்லாரும் கிளார்க்கைப் பார்க்க வந்த கூட்டம், ஆனால் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தது லூசி ஓல்சன், 28 புள்ளி. வில்லனோவாவிலிருந்து ஒரே ஒரு வருஷத்துக்கு வந்த பெண். கிளார்க் போனபிறகு இங்கே யாரும் வரமாட்டார்கள் என்று போன வருஷம் இதே குழுவில் எழுதியவர்கள் பெயர் என்னிடம் இருக்கிறது.

கேலன் சென்டருக்கு வரச் சொல்லுங்கள், வருகிறோம்.

ஒஹாயோ மாப்பிள்ளை · 11 மார்ச், காலை 8:05

எழுதியதில் ஒருத்தன் நான்தான். மன்னிச்சுக்கோ தம்பி.

பாலு ஆர்டீசியா · 17 மார்ச், இரவு 9:20

அக்கா, 68 அணிப் பட்டியல் வந்துவிட்டது. யூசிஎல்ஏ மொத்தத்துக்கே முதல் இடம், யூஎஸ்சிக்கும் அதன் பிரிவில் ஒன்றாம் எண். பிக் டென்னிலிருந்து பன்னிரண்டு அணியாம்! நீங்கள் சொன்ன சின்ன லீக் கொடுமைக்கு மகள் உதாரணம் தேடினாள். ஐவி லீகில் கொலம்பியா லீகில் முதலாவது, போட்டியில் ஹார்வர்டிடம் தோல்வி. ஆனால் கொலம்பியாவுக்கும் இடம் கிடைத்திருக்கிறதே, எப்படி?

ஸ்கோர் நோட்டு · 17 மார்ச், இரவு 11:10

அந்த 37ல்தான். பிரின்ஸ்டனுக்கும் அப்படியே. ஐவியிலிருந்து மூன்று அணி போவது இதுதான் முதல் தடவை. என் கணிப்பு பொய்த்ததில் சந்தோஷம். ஆனால் கொலம்பியாவை வாசல் திண்ணையில் உட்கார வைத்திருக்கிறார்கள்: முதலில் நம் பிக் டென் வாஷிங்டனோடு ஒரு தகுதி ஆட்டம், ஜெயித்தால்தான் உள்ளே. மகள் தேடிக் கண்டுபிடித்தாள் பாருங்கள், அவளுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள்.

பாலு ஆர்டீசியா · 25 மார்ச், காலை 6:55

அக்கா, நேற்று 68 அணிப் போட்டியில் யூஎஸ்சி ஆட்டம் பார்த்தீர்களா. முதல் குவார்ட்டரிலேயே ஜூஜூ முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். தூக்கிக்கொண்டு போனார்கள். மகள் அதற்குப் பிறகு திரையைப் பார்க்கவில்லை, சோபா மெத்தையில் முகத்தை வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். 96-59 என்று ஜெயித்தோம் என்று சொன்னால் காதில் விழவில்லை. இன்று காலை பாட்டியிடம் போய்த் தானாகப் பின்னல் போட்டுக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினாள். எங்கள் அம்மாவுக்கும் சந்தோஷமாக இல்லை.

ஸ்கோர் நோட்டு · 25 மார்ச், இரவு 9:30

பார்த்தேன் தம்பி. வலது முழங்கால், ஏசிஎல் என்கிற உள் தசைநார் கிழிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். நம் கல்லூரியில் எங்கள் சென்டர் பெண்ணுக்கு அப்படி ஆனது. சிமெண்ட் தரை. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கும்.

நேற்று என் கையும் கொஞ்ச நேரம் ஓடவில்லை. ஜூஜூ வரிசையில் மிச்சக் கட்டங்கள் அத்தனையும் வெள்ளை. பிறகு குனிந்து பார்த்தால் அதற்குக் கீழ் வரிசை நிரம்பிக்கொண்டே போகிறது. கிகி இரியாஃபென், 36 புள்ளி. இடம் போதாமல் ஜூஜூவின் காலிக் கட்டங்களில்தான் அவள் கோடுகளைப் போட்டேன். எந்தக் கோடு யாருடையது என்று தெரிய அம்புக்குறி. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன், மகளிடம் காட்டுங்கள்.

சனிக்கிழமை ஸ்போகேனில் கான்சாஸ் ஸ்டேட்டோடு ஆட்டம். டாரன்ஸ் உங்களுக்கு அரைமணி நேரம்தான். அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் யூஎஸ்சி பக்கம் எழுதுகிறேன், அவள் கான்சாஸ் பக்கம் எழுதட்டும். பேனா வேண்டாம், பென்சில்.

பாலு ஆர்டீசியா · 25 மார்ச், இரவு 9:52

வருகிறோம் அக்கா. கேசரியும் கொண்டுவருகிறோம். ஆட்டம் முடிந்துதான் திறப்போம் என்று மகள் சொல்லச் சொன்னாள்.