உதவி: கொள்ளுத்தாத்தாவின் தலைப்பிள்ளை பிறப்புப் பதிவேட்டில் இல்லை

கொள்ளுப்பேத்தி:
அவசரமாக எழுதுகிறேன். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தலைப்பிள்ளை பெண். பிறந்த சில நாளிலேயே போய்விட்டது. வீட்டில் இன்றைக்கும் வருடா வருடம் சின்னப் பாவாடை வைத்துப் படைக்கிறோம். புதுச்சேரியில் பழைய பிரெஞ்சுப் பிறப்புப் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னோம். அந்தப் பெயரே இல்லை என்கிறார்கள். வேறு எங்கே தேடுவது? அத்தைக்கு 88 வயது. அவர் இருக்கும்போதே காட்டிவிட வேண்டும்.

ஏட்டுச்சுவடி:
எந்த வருடம் அம்மா? குடும்பம் ரெனோன்சானா, அதாவது சொந்தச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வந்தவர்களா? பெயரை எந்த எழுத்தில் தேடினார்கள்? பிரெஞ்சு எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியவர்கள். உழவர்கரையே அவர்கள் கையில் ஊல்காரே ஆகிவிட்டது. தமிழ்ப் பெயரை இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடினால் கிடைக்காது.

கணக்குப்பிள்ளை:
வருடம், ஊர், தகப்பன் பெயர். இந்த மூன்றும் இல்லாமல் யாராலும் உதவ முடியாது. இங்கே புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து எழுதிக்கொண்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

தேங்காய்த்திட்டு:
குடும்பப் பெயரில்தான் சிக்கல் என்று பந்தயமே கட்டுவேன். ரெனோன்சான் ஆனவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் எடுத்தார்கள். அதற்கு முன் பிறந்த பிள்ளை பழைய பெயரிலும் பின்னால் பிறந்தது புதிய பெயரிலும் இருக்கும். எங்கள் வீட்டிலேயே அண்ணன் ஒரு பெயர், தம்பி ஒரு பெயர். இரண்டையும் தேடுங்கள்.

கொள்ளுப்பேத்தி:
மன்னிக்கவும், இதெல்லாம் முக்கியம் என்று அப்போது தோன்றவில்லை. தாத்தாவின் நோட்டில் '1884 ஆடி' என்று இருக்கிறது. கொள்ளுத்தாத்தா 1882-லேயே ரெனோன்சான். குடும்பப் பெயரை இங்கே போட வேண்டாம் என்று அப்பா சொல்கிறார். எழுத்துக்கூட்டலை நாலு விதமாக மாற்றித் தேடியாகிவிட்டது.

மணவெளி:
ரெனோன்சான் என்றால் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர்கள்தானே? பிறகு பாவாடை வைத்துப் படைப்பது எப்படி? கோயில் ஞானஸ்நானப் பதிவைப் பார்க்கச் சொல்லலாம் என்றுதான் கேட்கிறேன்.

தேங்காய்த்திட்டு:
இல்லை. 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி அவர்கள் விட்டது மதத்தை இல்லை. சாதி வழக்கம், சொத்து வழக்கம் ஆகியவற்றின்படி இருந்த சொந்தச் சட்டத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வந்தார்கள். சாமி கும்பிட்டவர்கள் கும்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள்.

மணவெளி:
எனக்குத் தெரிந்த ரெனோன்சான் குடும்பங்கள் எல்லாமே கிறிஸ்தவக் குடும்பங்கள்தான்.

தேங்காய்த்திட்டு:
கிறிஸ்தவர்கள் நிறையப் பேர் சேர்ந்தார்கள், சரி. முன்னால் நின்ற வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை, லப்போர்த் என்று பெயர் எடுத்தவர், அவரும் கிறிஸ்தவர்தான். அதற்காக எல்லாரையும் ஒரே கணக்கில் சேர்த்தால் எங்கள் தாத்தா எங்கே போவார்? அவர் கையெழுத்துப் போட்டது பிரெஞ்சுப் பெயரில், நெற்றியில் இருந்தது விபூதி.

கணக்குப்பிள்ளை:
இந்த விவாதத்துக்குத் தனி இழை போடுங்கள். கேள்வி குழந்தையைப் பற்றியது.

பழுப்புத்தாள்:
இரண்டு விஷயம் கேட்க வேண்டும். தலைப்பிரசவம், அதனால் கொள்ளுப்பாட்டி தாய்வீட்டுக்குத்தான் போயிருப்பார். தாய்வீடு எந்த ஊர்? பிரெஞ்சு எல்லையும் பிரிட்டிஷ் எல்லையும் ஊருக்கு ஊர் பின்னிக்கிடந்த பகுதி இது. அடுத்த ஊரே வெள்ளைக்காரன் சீமையாக இருந்தால் பிரெஞ்சுப் பதிவேட்டில் வராது. பிரெஞ்சு எல்லைக்குள் என்றாலும், 1880-க்குப் பிறகு புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் நான்கும் தனித்தனி கொம்யூன்கள், அதாவது நகராட்சிகள். ஒன்றின் ஏட்டில் தேடிவிட்டு இல்லை என்றால் மற்றதில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, இதுதான் முக்கியம். நீங்கள் எல்லாரும் பிறப்புப் பதிவேட்டையே பேசுகிறீர்கள். இறப்புப் பதிவேட்டை யாராவது திறந்தீர்களா? அன்றைய பிரெஞ்சு சிவில் சட்டத்தில் பிறப்பை 3 நாளுக்குள் சொல்ல வேண்டும். சொல்வதற்குள் குழந்தை இறந்துவிட்டால் பிறப்புப் பதிவே எழுத மாட்டார்கள். 1806 ஜூலை 4 ஆணை அப்படி. 'உயிரில்லாத குழந்தை காட்டப்பட்டது' என்று இறப்பு ஏட்டில் மட்டும் ஒரு பதிவு. பிரெஞ்சில் 'சான் வி' என்று இருக்கும். குழந்தைக்குப் பெயர் எழுத மாட்டார்கள். வீட்டில் நீங்கள் என்ன பெயர் வைத்திருந்தாலும் அட்டவணையில் அதைத் தேடிப் பயனில்லை. தகப்பன் பெயரில் தேடுங்கள்.

ஏட்டுச்சுவடி:
சான் வி என்றால் செத்துப் பிறந்தது என்று அர்த்தம் இல்லையா? இவர்கள் வீட்டில் சில நாள் இருந்தது என்கிறார்களே.

பழுப்புத்தாள்:
அந்தச் சொல்லைப் பார்த்துப் பல குடும்பங்கள் இப்படித்தான் முடிவு கட்டிவிடுகின்றன. எனக்கு அது பொறுக்காது. பிறந்து உயிரோடு இருந்ததா இல்லையா என்பதை அந்தப் பதிவு தீர்மானிக்கக் கூடாது என்று ஆணையே சொல்கிறது. அதிகாரி எழுதுவது தன்னிடம் காட்டியபோது உயிர் இல்லை என்பதை மட்டும்தான். ஆனால் தாய் தகப்பன் பெயர், தொழில், குடியிருப்பு, குழந்தை தாயின் வயிற்றிலிருந்து வெளிவந்த ஆண்டு, நாள், மணி எல்லாம் சாட்சிகளிடம் கேட்டு எழுத வேண்டும். அந்த மணியையும் பதிவு எழுதிய நாளையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆடி என்பதால் ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை தேடச் சொல்லுங்கள். இங்கே ஏடு சிதைந்திருந்தால் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஊரில் உள்ள காலனிக் காப்பகத்தின் இணையப் பக்கத்தையும் பாருங்கள். காலனிப் பதிவேடுகளின் நகல் பிரான்சுக்குப் போக வேண்டும் என்று 1776-லேயே அரச ஆணை உண்டு.

கணக்குப்பிள்ளை:
சான் வி பற்றி நானும் சொல்ல இருந்தேன். தாய்வீடு எது என்று கொள்ளுப்பேத்திதான் இன்னும் சொல்லவில்லை.

மணவெளி:
நான்கு நாளாக அவரைக் காணோம். லப்போர்த் பற்றித் தனி இழை போட்டிருக்கிறேன், அங்கே வாருங்கள்.

கொள்ளுப்பேத்தி:
தாய்வீடு பாகூர். மாமாவை அனுப்பினேன். 1884 இறப்பு ஏட்டில், ஜூலை கடைசி வாரத்தில், கொள்ளுத்தாத்தா பெயரில் இருக்கிறது. சான் வி என்றுதான் எழுதியிருக்கிறார்கள். பிறந்தது விடியற்காலை 4 மணி. பதிவு எழுதியது அதிலிருந்து இரண்டு நாள் கழித்து. இரண்டு ராத்திரி இருந்தாள் என்று அத்தை எப்போதும் சொல்வார். படித்துக் காட்டினேன். மணியை மட்டும் மறுபடி மறுபடி படிக்கச் சொன்னார். எல்லாருக்கும் நன்றி, பழுப்புத்தாள் ஐயாவுக்கு ரொம்ப.

பழுப்புத்தாள்:
ஐயா இல்லை அம்மா, அக்கா என்றே கூப்பிடுங்கள். பதிவு எண்ணை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள், சான்றிட்ட நகல் கேட்கும்போது அதைத்தான் கேட்பார்கள். சாட்சிகள் பெயரையும் எழுதி வையுங்கள். குழந்தையின் தாய்மாமன் யாராவது அதில் இருக்கலாம்.