வெளிநாட்டுப் பயணிகளை லயத்துக்குக் கூட்டிட்டுப் போறது: எப்படிச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?

கேள்வி: ஹட்டன்_வழிகாட்டி

எல்லோருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில ஹட்டன், நானுஓயா பக்கம் பிரதேச வழிகாட்டி அனுமதிப்பத்திரத்தோட வேலை செய்றேன். தேயிலை பெக்டரி, நீர்வீழ்ச்சி, ரயில் எல்லாம் பார்த்து முடிச்சதும் சில பயணிகள் "கொழுந்து எடுக்கிறவங்க வாழ்ற இடத்தைப் பார்க்கணும்"னு கேட்கிறாங்க. அதாவது லயத்தை (லயன்னும் சொல்வாங்க), தோட்டத் தொழிலாளரோட வரிசை வீடுகளை. மும்பையில தாராவிக் குடிசைப் பகுதியைச் சுத்திப் பார்த்துட்டு நேரா இங்க வர்றவங்களும் உண்டு. அதே மாதிரி இங்கயும் ஒரு ஏற்பாடு இருக்கும்னு நினைக்கிறாங்க.

சில வேன்கள் ரோட்டோரமா நிறுத்தி, கேட்காமலே லயத்துக்குள்ள ஆளை இறக்கி, பிள்ளைகளுக்கு டொபி கொடுத்துப் படம் எடுத்துட்டுப் போகுது. அந்த வழியில போக எனக்கு விருப்பமில்லை. ஆனா முறையாச் செஞ்சா அந்த வீடுகளுக்கும் நாலு காசு போகும். யார்கிட்ட அனுமதி, எத்தனை பேர், எந்த நேரம், காசை யார் கையில கொடுக்கிறது, படம் எடுக்க விடலாமா? விஷயம் தெரிஞ்சவங்க விவரமாச் சொல்லுங்க.

பதில்: பழைய_கணக்குப்பிள்ளை

தம்பி, இரண்டு அனுமதி வேணும். ஒன்றை வச்சு மற்றதையும் எடுத்துக்கக் கூடாது.

முதலாவது பாதைக்கு. 1992இல் தோட்டங்களோட நிர்வாகம் கம்பனிகள் கைக்குப் போச்சு. காணி குத்தகைக் காணிதான், ஆனாலும் மெயின் ரோட்டிலிருந்து திரும்பின இடத்திலிருந்து உள்ளே யார் வரலாம்னு சொல்றது தோட்ட நிர்வாகம். ஒரு வாரம் முன்கூட்டியே பெரிய துரைக்கு (தோட்ட முகாமையாளருக்கு) கடிதம் கொடுங்க. திகதி, எத்தனை பேர், வேன் இலக்கம், எந்த டிவிஷன் (தோட்டப் பிரிவு), எந்த மலை (தேயிலை நிலம்) வழியா நடக்கிறீங்க, எத்தனை மணிக்கு வெளியே வருவீங்க, எல்லாம் இருக்கணும். அனுமதிப்பத்திரப் பிரதியும் வைங்க. "லயன் பார்க்க"ன்னு மொட்டையா எழுதினா பத்திரிகைக்காரங்களோன்னு சந்தேகம் வந்து கடிதம் மேசையிலேயே கிடக்கும். "கொழுந்து மலை, பத்து மணி நிறுவை, அதுக்குப் பிறகு ஒரு வீட்டில் சாப்பாடு"ன்னு நடக்கப் போறதை அப்படியே எழுதுங்க.

இரண்டாவது வீட்டு அனுமதி. அது வீட்டுக்காரங்க மட்டும் கொடுக்கிறது. துரை சொன்னார்னு வேலையை மேற்பார்க்கிற கங்காணி போய் ஒரு கதவைத் தட்டினா, அந்த அம்மாவால முடியாதுன்னு சொல்ல முடியாது. வேலையும் வீடும் ஒரே நிர்வாகத்துக்கிட்ட இருக்கிற இடம் இது. அதனால நிர்வாகத்து ஆள் இல்லாம, நீங்களே முதல் நாள் போய்க் கேளுங்க. அங்கேயே பதில் வாங்காதீங்க. இரண்டு நாள் விட்டு, வேண்டாம்னு சொல்லவும் இடம் கொடுத்துத் திரும்பக் கேளுங்க.

இனி மலையில். மலையில் நிற்கிற ஆளை நிறுத்திப் பேசவோ படத்துக்கு நிற்கச் சொல்லவோ வேண்டாம். நாளுக்கு 18 கிலோ கேட்கிற தோட்டம்னு வைங்க. ஏழு மணித்தியாலம் கொழுந்து எடுத்தா மணிக்கு இரண்டரைக் கிலோ சொச்சம். நாலு பயணிகள் ஆளுக்கு நாலு நிமிஷம் நிறுத்தினா, அவங்களுக்கு அறுநூறு கிராமுக்கு மேல போயிரும். கிலோ குறைஞ்சா அரைப்பேர் (பேர்னா ஒரு நாள் சம்பளக் கணக்கு) போடுற தோட்டங்கள் உண்டு. நாம சிரிச்சுக்கிட்டு எடுத்த அந்தப் படத்துக்கு யாரோ அரைநாள் சம்பளத்தைக் கொடுக்க வேண்டியதாயிரும்.

பேசணும்னா நிறுவை நேரம்தான் சரி. பல தோட்டங்களில் காலை பத்து மணியளவில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயந்தரம் நாலரையளவில் ஒன்று. பத்து மணி நிறுவைக்கு வரிசையில் நிற்பாங்க, தேத்தண்ணி குடிப்பாங்க, பேச விருப்பம் இருந்தா பேசுவாங்க. மடுவத்துக்கு (கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு) எதிர்ப் பக்கம் நில்லுங்க, தராசுக்குப் பக்கத்தில் வேண்டாம். ஈரத்துக்கும் சாக்குக்கும்னு கழிக்கிற கிலோவைப் பற்றித் தொழிலாளி கேள்வி கேட்கிற இடம் அது. வெளியாள் காதுகொடுத்துக்கிட்டு நின்னா அந்தக் கேள்வி தொண்டையிலேயே நின்னுரும்.

வேனை பெக்டரிச் சந்தியிலேயே விடுங்க. லயத்துப் பாதையில் கொழுந்து லொறிக்கு வழி மறிச்சா, லொறி நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் சாக்குக்குள்ள கொழுந்து சூடேறிப் பழுதாகும். மருந்தடிச்ச மலைக்குப் பலகை வச்சிருப்பாங்க, அதுக்குள்ள கால் வைக்க வேண்டாம். கவ்வாத்து வெட்டின (செடியைக் கட்டையாக் குறைச்ச) மலையில் வெட்டின குச்சி முழங்காலைக் கிழிக்கும். பாதையை விட்டு இறங்க விடாதீங்க.

பதில்: மேட்டுலயத்து_அக்கா

வீட்டுப் பக்கத்தை நான் சொல்றேன் தம்பி.

நாலு பேர், உங்களோட ஐந்து. அதுக்கு மேல வேண்டாம். பழைய லயன்ல ஒரு குடும்பத்துக்குக் கிடைச்சது பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா (அறை) ஒன்று, முன்னால இஸ்தோப்பு (வராந்தா). இஸ்தோப்பை அடைச்சு அறையாக்கி, பின்னால தகரம் இழுத்துக் குசினி போட்ட வீட்டிலயும் ஐந்து பேர் உட்கார்ந்தா வீட்டு ஆள் நிற்கத்தான் வேணும். எட்டுப் பேர் வந்தா பயணிகள் உள்ளே, குடும்பம் வெளியே வடிகானோரத்தில்.

வீடுகள் முதுகோடு முதுகா ஒட்டினது. ஒரு வீட்டில் பேசுறது மூணு வீட்டுக்குக் கேட்கும். நீங்க ஆங்கிலத்தில் "இவங்க வறுமை" அது இதுன்னு விளக்கினா, பக்கத்து வீட்டில் ஏ.எல். படிக்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும். வரலாற்றை வேனிலேயே சொல்லி முடிச்சிருங்க. வீட்டுக்குள்ள வந்தா வீட்டுக்காரங்க பேசட்டும், நீங்க மொழிபெயர்த்தாப் போதும்.

கழிவறையை யாரும் யோசிக்கிறதில்லை, பிரச்சினையெல்லாம் அங்கதான் வருது. சில லயத்தில் இன்னும் இரண்டு மூன்று வீட்டுக்கு ஒன்றுதான். வெயில் மாதத்தில் தண்ணி வாளியில் தூக்கிட்டு வரணும். டவுனிலேயோ பெக்டரியிலேயோ போயிட்டு வரச் சொல்லுங்க. குழாய்த் தண்ணி பெரும்பாலும் மலை ஊற்றிலிருந்து நேரா வர்றது. பயணிகளுக்குப் பச்சைத் தண்ணி வேண்டாம், கொதிச்ச சாயத் தண்ணி போதும்.

காலையில் ஏழரைக்கு முன்னாலயும், சாயந்தரம் நாலரைக்குப் பிறகும் பீலிப் பக்கத்துப் பாதையில் யாரையும் கூட்டிட்டு வராதீங்க. அங்க பொம்பளைங்க குளிக்கிற நேரம்.

எந்த வீடுன்னு நீங்க தெரிவு செய்ய வேண்டாம். மாதர் சங்கமோ மரணாதார சங்கமோ (சாவு வீட்டுக்கு உதவுற சங்கம்) இருக்கும், அவங்ககிட்டச் சொன்னா முறை வச்சு வீடு மாத்துவாங்க. ஒரே வீட்டுக்குப் போய்க்கிட்டிருந்தா இரண்டாம் மாதமே லயத்துக்குள்ள மனஸ்தாபம் வரும். வேலை நாள்ல பென்ஷன் எடுத்த அம்மாமார் வீட்டில் இருப்பாங்க. அவங்களுக்குச் சமைக்க நேரமும் உண்டு, சொல்ல வரலாறும் உண்டு.

சாமானுக்கு முதல் நாளே காசு கொடுங்க. ஐந்து பேருக்கு ரொட்டின்னா ஒரு கிலோ கோதுமை மா, ரொட்டிக்கு ஒரு தேங்காய், சம்பலுக்கு அரைத் தேங்காய், கால் கிலோ பருப்பு, வெங்காயம், கொச்சிக்காய், சீனி, பால்மா ஒரு சின்னப் பக்கற். விறகையும் கணக்கில் சேருங்க. அது சாமான் காசு மட்டும்தான். சமைச்ச கைக்கு கூலி தனி, அது ஒரு நாள் பேருக்குக் குறையக் கூடாது. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா ஆச்சு, அதுக்குப் பிறகு கூடினதையும் விசாரிச்சுக்குங்க. கடித உறையில் வச்சு சமைச்ச அம்மா கையிலேயே கொடுங்க. கங்காணி மூலமோ வீட்டு ஆம்பளை மூலமோ வேண்டாம். சங்கத்துக்கும் தலைக்கு இவ்வளவுன்னு ஒரு பங்கு வைங்க. அது அத்தனை வீட்டுக்கும் சேரும்.

டொபி, பேனை, சில்லறை எதுவும் பிள்ளைகள் கையில் கொடுக்க விடாதீங்க. றம்பொடைப் பாதையில் பூக்கொத்தோட வளைவுக்கு வளைவு குறுக்கால ஓடி வேனுக்கு முன்ன நிற்கிற பையன்களைப் பாருங்க. அப்படிக் கொடுக்க ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு பள்ளிக்கூட நேரத்திலயும் ரோட்டில் நிற்க வைக்குது. கொப்பி புத்தகம் கொடுக்கணும்னு யாராவது சொன்னா பள்ளிக்கூட அதிபரைக் கேட்டு, எந்த வகுப்புக்கு என்ன வேணும்னு எழுதி வாங்கிக் கொடுங்க.

பதில்: மாஹிம்_சந்தி

தாராவியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே நடக்கும் நல்ல சுற்றுலாவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு, இங்கே பொருந்தாததும் உண்டு.

மாஹிமுக்கும் சயனுக்கும் நடுவில், இரண்டு ரயில் பாதைகளுக்கு இடையில், சுமார் இரண்டு சதுர கிலோமீற்றர். சனத்தொகை பத்து இலட்சம் வரை போகும் என்று மதிப்பிடுகிறார்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து போன தமிழர்கள் தோல் பதனிடும் தொழிலோடு அங்கே வேரூன்றினார்கள். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் கும்பார்வாடா, பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து அரைத்து உருக்கும் பதின்மூன்றாம் கொம்பவுண்ட், அப்பளம் தேய்க்கும் பெண்கள் என்று அது ஒரு பெரிய உற்பத்தி நகரம். 2005இல் தொடங்கிய ரியாலிட்டி டூர்ஸ் என்ற நிறுவனத்தின் சுற்றுலாவில் சிறு குழுதான், படம் எடுக்கத் தடை, வழிகாட்டிகளில் பலர் அந்த ஊர்க்காரர். இலாபத்தில் 80 சதவீதம் அங்குள்ள கல்வி வேலைகளுக்குப் போவதாக அறிவித்திருக்கிறார்கள்.

நமக்கு உதவும் பகுதி இதுதான்: அந்தச் சுற்றுலா தொழிலைச் சுற்றியே நடக்கிறது. பயணி பட்டறையில் நின்று, பழைய போத்தல் எப்படிச் சில்லாகிறது என்று பார்க்கிறார். வீட்டுப் பகுதியின் ஒடுங்கிய சந்துகளை நிற்காமல் கடக்கிறார். இங்கேயும் அப்படித்தான் வேண்டும். வாடல், உருட்டல், புளிப்பேற்றல், உலர்த்தல், சல்லடை என்று பெக்டரியில் காட்டுகிறார்கள். அந்தத் தேயிலைக்கு முன்னால் நிற்கும் மனித உழைப்பை யாரும் காட்டுவதில்லை. அதைக் காட்டுவதுதான் உங்கள் வேலை.

பொருந்தாதது எது என்றால், தாராவி ஒரு பொது நகரம். யாரும் பஸ் ஏறி இறங்கலாம், சந்தில் ஆயிரம் பேர் நடக்கிறார்கள், நாலு அந்நியர் தனியாகத் தெரியமாட்டார்கள். பன்னிரண்டு வீட்டு லயத்தில் ஒரு அந்நியர் வந்தாலும் அத்தனை வீட்டுக்கும் தெரியும். ஆகவே அங்கே போதுமான விதி இங்கே போதாது. பிரேசிலின் ரொசின்யா குடிசைப் பகுதியில் 1992 முதல் சுற்றுலா நடக்கிறது. அங்கே கடுமையாகக் கண்டிக்கப்பட்டது திறந்த ஜீப்பில் ஏற்றி மேலேயிருந்து பார்க்க வைத்த முறை. ஜீப்பை லயத்துக்குள் ஓட்டும் வழக்கம் இங்கே வந்தால் அதை நாமே நிறுத்த வேண்டும்.

படம் பற்றி: லயத்து முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு தாண்டும்வரை கமெராவும் தொலைபேசியும் பைக்குள். இதை வேனில் ஏறுவதற்கு முன்பே, காசு வாங்குவதற்கு முன்பே சொல்லுங்கள். பாதியில் சொன்னால் சண்டை. விதிவிலக்கு ஒன்றே: வீட்டுக்காரர் தாமாகவே தம் குடும்பத்தைப் படம் எடுக்கச் சொன்னால் எடுக்கலாம், அச்சுப்பிரதி அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். ட்ரோன் கூடவே கூடாது. அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும், கூரை இல்லாத குளியலிடத்துக்கு மேலே அது பறப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

ஹட்டன்_வழிகாட்டி

ரொம்ப நன்றி. மூன்று சந்தேகம் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் இருப்பாங்களே, அது வசதியில்லையா? மழைக்காலத்தில் என்ன செய்றது? வேனில் சொல்ற வரலாற்றில் எதைக் கட்டாயம் சொல்லணும்?

பதில்: மேட்டுலயத்து_அக்கா

ஞாயிறு வேண்டாம். துணி துவைக்கிறது, விறகு, சந்தை, பிள்ளைகளோட வகுப்பு எல்லாம் அந்த ஒரு நாளில்தான். தோட்டத்துத் திருவிழா நாளும் அப்படித்தான், கோயில் கமிட்டி கூப்பிட்டா மட்டும் வாங்க. லயத்தில் ஒரு சாவு விழுந்தா அன்னைக்கு மட்டுமில்லை, கருமாதி முடியும்வரை வரக் கூடாது. காலையில் சங்கத்துக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டுட்டுப் புறப்படுங்க.

பதில்: கொட்டகலை_பயணம்

அக்கா சொல்றதோட எனக்கு முழு உடன்பாடில்லை. சில டிவிஷன்ல இளம் பிள்ளைகள் கொழும்பில் வேலை செய்து சனி இரவுதான் வீட்டுக்கு வர்றாங்க. ஆங்கிலமும் சிங்களமும் பேசி, பயணிகளோட நேரா உரையாடக்கூடியவங்க அவங்கதான். லயத்துப் பிள்ளை ஒருத்தரே வழிகாட்டியா வளர்றதுக்கும் அதுதான் வழி. மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை பத்துக்குப் பிறகு, அந்த இளைஞர் கழகமே பொறுப்பெடுத்தா செய்யலாம்னு நினைக்கிறேன்.

பதில்: மேட்டுலயத்து_அக்கா

பிள்ளைகளே பொறுப்பெடுத்தா சரி. வெளியாள் முடிவெடுத்து வர்ற ஞாயிறைத்தான் வேண்டாம்னேன்.

பதில்: பழைய_கணக்குப்பிள்ளை

மழைக்கு இதுதான் கணக்கு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறத்தில் விடும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினா மஞ்சள், 100 தாண்டினா செம்மஞ்சள், 150 தாண்டினா சிவப்பு, அதாவது வெளியேறணும். உங்க பிரதேச செயலகப் பிரிவுக்கு மஞ்சள் வந்தாலே பயணத்தை ரத்துப் பண்ணிக் காசைத் திருப்பிக் கொடுங்க. பழைய லயங்கள் பல, வெட்டின மண்மேட்டுக்கு அடியில் இருக்கு. 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள்ள போனது லயன் வீடுகள்தான். சனம் பிள்ளையைத் தூக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு இடம்பெயர்ற நேரத்தில் விருந்தாளி வரக் கூடாது. சரிவு நடந்த இடத்தைச் "சுற்றுலா இடமா"க் காட்டுறதும் வேண்டாம்.

வரலாறு சுருக்கமா இருக்கட்டும். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த பயணம், மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காடு வழியா நடை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லரின் 19 ஏக்கர் தேயிலை. இது இரண்டையும் எல்லா வழிகாட்டியும் சொல்றாங்க. பலர் விடுறது இதுக்குப் பிறகுதான்: 1948ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தில் இந்தச் சனம் நாடற்றவங்களானது, ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடும் 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் குடும்பங்கள் பிரிஞ்சது, மிஞ்சினவங்களுக்குக் குடியுரிமை கொடுக்க 2003இல் வந்த சட்டம். அதைச் சொல்லாம லயத்தைக் காட்டினா, ஏன் இத்தனை தலைமுறையா ஒரே காம்பராவில்னு பயணிக்கு விளங்காது, சனத்தையே குறையா நினைச்சுட்டுப் போவாங்க.

போற வழியில் 7 பேர்ச் (நில அளவு) காணியில் கட்டின தனி வீட்டுத் திட்டம் ஒன்றையும் ரோட்டிலிருந்து காட்டுங்க. லயம் மட்டும் பார்த்தா கதை பாதி.

எந்த வீடும் சம்மதிக்கலைன்னா, கம்பளைப் பக்கம் பீகொக் தோட்டத்தில் பழைய லயத்தையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமா வச்சிருக்காங்க. காம்பரா, அடுப்பு, பழைய பாத்திரம், கொழுந்துக் கூடை எல்லாம் நின்னு பார்க்கலாம், படமும் கேட்டு எடுக்கலாம். முதல் தடவை கேட்கிற பயணிகளை அங்கதான் கூட்டிட்டுப் போங்க. போகிறதுக்கு முன்ன திறந்திருக்கான்னு அழைச்சுக் கேட்டுக்குங்க.