1972 எம்ஜிபி ஜிடி: இடது பக்க பீடிங் இல்லை, ஓட்டைகளையும் அடைத்திருக்கிறார்கள். துளை போடலாமா, ஒட்டலாமா?

பச்சைஜிடி_லெஸ்டர்

எல்லோருக்கும் வணக்கம். போன கோடையில் ஒரு 1972 எம்ஜிபி ஜிடி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கினேன். எஞ்சின் சுத்தமாக ஓடுகிறது, சில் (கதவுக்குக் கீழே ஓடும் தகடு) பக்கம் எல்லாம் யாரோ ஒழுங்காக வெல்டிங் செய்திருக்கிறார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வெளிச் சாமான்கள் பாதி இல்லை. வலது பக்கம் சைடு பீடிங், அதாவது பக்கவாட்டில் ஓடும் பளபளப்பான உலோகப் பட்டை, மூன்று துண்டும் (முன் ஃபெண்டர், கதவு, பின் பக்கம்) அப்படியே இருக்கிறது. இடது பக்கம் பின் துண்டு மட்டும்தான் மிச்சம். கதவிலும் முன் ஃபெண்டரிலும் பட்டி (ஓட்டை அடைக்கும் பசை) வைத்து மூடி பெயிண்ட் அடித்துவிட்டார்கள், வெளியிலிருந்து பார்த்தால் துளை இருந்த அடையாளமே தெரியவில்லை. முன் கண்ணாடி ரப்பருக்குள் ஓடும் வெள்ளிப் பட்டையில் மேல் பாதியைக் காணோம். கிரில் இருக்கிறது, ஆனால் அது தேன்கூடு மாதிரி கறுப்பு வலை வைத்தது, அது இந்த வண்டிக்கு உரியதுதானா என்று சந்தேகம்.

பீடிங் இல்லாமல் விட்டுவிடு, சுத்தமாக இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. பக்கவாட்டில் அந்தப் பட்டை ஓடினால்தான் ஜிடி நீளமாகத் தெரிகிறது, ஒரு பக்கம் மட்டும் மொட்டையாக இருப்பது தினமும் கண்ணை உறுத்துகிறது. நல்ல பெயிண்டில் திரும்ப டிரில் போடத்தான் பயம். இரண்டு முகமும் ஒட்டும் டேப் வைக்கும் நவீன வழி போதுமா? விடுபட்ட இரண்டு துண்டு மட்டும் வாங்கினால் போதுமா, ஒரு பக்கம் முழுவதும் வாங்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழையஇரும்பு

தம்பி, முதலில் எதையும் வாங்காதீர்கள். கதவின் உள்பக்க பேடைக் கழற்றுங்கள். ஜன்னல் சுற்றும் கைப்பிடியையும் இழுக்கும் கைப்பிடியையும் எடுத்தால் மீதி கிளிப்தான், மெதுவாக ஒவ்வொன்றாக நெம்பினால் வந்துவிடும். உள்ளே டார்ச் அடித்துக் கதவுத் தகட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். வெளியில் எவ்வளவு அழகாக மூடியிருந்தாலும் உள்பக்கம் மறைக்க யாரும் மெனக்கெடுவதில்லை. வெல்டிங் வைத்து அடைத்திருந்தால் கருகிய வட்டம் தெரியும். வெறும் பட்டி என்றால் துளை வழியாகப் பிதுங்கி உள்ளே காய்ந்து தொங்கும். பட்டி வைத்து அடைத்ததாக இருந்தால் டிரில் போடுவதைப் பற்றிய பயமே தேவையில்லை, துளை ஏற்கனவே அங்கே இருக்கிறது, நீங்கள் அதைத் திறக்கப் போகிறீர்கள், அவ்வளவுதான். சொல்லப்போனால் திறப்பதே நல்லது, ஏனென்றால் பட்டி ஈரத்தை உறிஞ்சும், பின்பக்கத்திலிருந்து தண்ணீர் சேர்ந்து கொஞ்ச காலத்தில் அந்த இடத்தில் பெயிண்ட் கொப்புளம் விடும்.

ஃபெண்டர் கொஞ்சம் சிரமம். முன் பகுதியைச் சக்கரத்தை எடுத்துவிட்டு வளைவுக்குள் கைவிட்டுத் தொடலாம். கதவுக்கு அருகில் இருக்கும் பின் பகுதி, சேறு தடுக்கும் தகட்டுக்குப் பின்னால் தனி அறையாக இருக்கிறது. அந்தத் தகட்டைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் வரும், அது போய்விட்டால் சேறும் உப்பும் உள்ளே போய் ஃபெண்டரின் அடியில் தங்கும். எம்ஜிபி ஃபெண்டர்கள் கீழே கதவுப் பக்கம் துருப்பிடிப்பதற்குக் காரணமே இதுதான். எப்படியும் கழற்றப் போகிறீர்கள், அந்தச் சேற்றை வாரி வெளியே போட்டுவிட்டு, துரு தடுக்கும் மெழுகு அடித்து, புது சீல் வைத்து மூடுங்கள். பீடிங்கை விட அது பெரிய லாபம்.

கிரில் விஷயம்: 1970 மாடலிலிருந்து 1972 வரை வந்தது உள்ளே தள்ளி வைத்த கறுப்பு கிரில். தேன்கூடு வலை 1973 மாடலில்தான் வந்தது, அதாவது 1972 ஆகஸ்ட் வாக்கில் தொழிற்சாலையில் மாறியது. ஆக, உங்கள் வண்டி 1972இல் எந்த மாதம் அபிங்டன் தொழிற்சாலையில் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்து இரண்டுமே சரியாக இருக்கலாம். பதிவுத் தேதியை நம்பாதீர்கள், கட்டிய பிறகு பல மாதம் ஷோரூமில் நின்ற வண்டிகள் உண்டு. கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து ஹெரிடேஜ் சான்றிதழ் வாங்கினால் கட்டிய தேதி, முதல் பெயிண்ட் நிறம் எல்லாம் வந்துவிடும். ஜிடி என்றால் எண் ஜிஎச்டி5 என்று ஆரம்பிக்க வேண்டும்.

நிழல்_கராஜ்

நான் டேப் கட்சி. இந்தக் காலத்துக் கார்களில் பக்கத்தில் ஓடும் எல்லாப் பட்டையும் அக்ரிலிக் ஃபோம் டேப்பில்தான் நிற்கிறது, மணிக்கு எழுபது மைலில் மோட்டார்வேயில் ஒன்றும் பறந்து போவதில்லை. 3எம் விஎச்பி மாதிரி நல்ல டேப்பாக எடுத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, தகடு 20 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் நாளில் ஒட்டி, மூன்று நாள் தண்ணீர் படாமல் விட்டால் முழுப் பிடிப்பு வந்துவிடும். பெயிண்ட் புதிது என்றால் சில வாரமாவது காயவிட்டு அப்புறம் ஒட்டுங்கள். துளை போட்டால் துரு, துளை இல்லையென்றால் துரு இல்லை, கணக்கு அவ்வளவுதான். ஐம்பது வருட வண்டியில் புதிதாக ஓட்டை போட எனக்கு மனசு வராது.

டொராண்டோ_தகரம்

நிழல்_கராஜ் சொல்வது தட்டையான பட்டைக்குச் சரி. எம்ஜிபி பீடிங்கைத் திருப்பிப் பாருங்கள், அதன் முதுகு உள்ளே குழிந்து, இரண்டு ஓரமும் உள்பக்கம் மடிந்திருக்கும். தகட்டைத் தொடுவது அந்த இரண்டு மெல்லிய ஓரம் மட்டும்தான். டேப் பிடிக்க இடமே இல்லை. குழிக்குள் எதையாவது நிரப்பி அதன்மேல் டேப் வைத்தால் பட்டை உடம்பை விட்டு எழும்பி நிற்கும், ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரியும், எதிர்ப்பக்கத்தோடு ஒத்துப்போகாது. அதைவிட முக்கியம், அந்த இடுக்கில் தண்ணீர் நின்று ஈரம் காயாமலே இருக்கும். இங்கே குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்புக்கு அது போதும், துளையே இல்லாமல் பெயிண்டுக்கு அடியில் துரு ஓடிய கதவுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். துரு வருவது ஓட்டையால் அல்ல, ஓட்டையின் வெட்டு விளிம்பில் வெறும் இரும்பை விட்டுவிடுவதால்.

அதனால் துளை போடுங்கள், ஆனால் ஒழுங்காகப் போடுங்கள். வலது பக்கப் பட்டைகளைக் கழற்றிவிட்டு, நீளமான மாஸ்கிங் பேப்பரை உடம்போடு ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் துளைகளும் கதவு விளிம்பும் மடிப்புக் கோடும் அதில் பதிந்துவிடும். அந்தத் தாளைத் திருப்பிப் போட்டால் இடது பக்கத்துக்கான அச்சு கிடைத்துவிட்டது. ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். அந்தக் கால உடம்பில் இடமும் வலமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசப்படும். உங்களிடம் இடது பின் துண்டு மிச்சம் இருப்பது பெரிய அதிர்ஷ்டம், அதன் முன் நுனியிலிருந்து ஒரு நூல் கட்டி ஹெட்லைட் பக்கம் வரை இழுத்து, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கோடு தொய்ந்தாலோ ஏறினாலோ உடனே தெரியும். அளவுகோல் சொல்வதும் கண் சொல்வதும் வேறானால் கண் சொல்வதைக் கேளுங்கள், ரோட்டில் பார்க்கிறவர்கள் யாரும் அளவுகோல் கொண்டு வரப்போவதில்லை.

டிரில் வழுக்காமல் இருக்க இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப், அதன்மேல் சென்டர் பஞ்ச் லேசாக ஒரு தட்டு, முதலில் சின்ன பிட், அப்புறம் தேவையான அளவு. பிசிறை எடுத்துவிட்டு விளிம்பில் எபாக்ஸி பிரைமர், அது காய்ந்ததும் மெல்லிய தூரிகையில் டச்-அப் பெயிண்ட். மறுநாள் கிளிப்பை வைக்கும்போது அதன் அடியிலும் துளையிலும் மெழுகு. டினிட்ரால், வாக்ஸாயில் எது இருந்தாலும் சரி. இரும்புத் தூள் கதவுக்குள் விழுந்து கிடந்தால் அதுவே துருப்பிடித்துக் கறையாகும், வாக்குவம் போட்டு எடுத்துவிடுங்கள்.

பொருத்தும்போது மேல் ஓரத்தை எல்லா கிளிப்பிலும் மாட்டிவிட்டு, ஒரு முனையிலிருந்து கீழ் ஓரத்தை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஆரம்பித்தால் பட்டை மடியும், மடிந்தால் அந்தக் கோடு ஜென்மத்துக்கும் போகாது. நுனியில் திருகு வைத்த கிளிப் வரும் இடத்தில் உள்பக்கம் நட்டை முறுக்குவதற்கு முன்னால் கதவை மெதுவாகத் திறந்து பாருங்கள். கதவின் முன் விளிம்பு திறக்கும்போது ஃபெண்டர் பக்கமாக உள்ளே திரும்பும், கதவுப் பட்டை ஒரு மயிரிழை முன்னால் இருந்தாலும் ஃபெண்டர் பட்டையில் போய் இடித்துப் பெயிண்டோடு பெயர்த்துவிடும்.

பச்சைஜிடி_லெஸ்டர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கதவு பேடை எடுத்துப் பார்த்தேன். அண்ணன் சொன்ன மாதிரியே பட்டி உள்ளே பிதுங்கித் தொங்குகிறது, கதவில் எல்லாத் துளையும் அப்படியே இருக்கிறது. ஒன்றைச் சுரண்டினேன், பட்டிக்குப் பின்னால் செம்மண் நிறம் ஆரம்பித்துவிட்டது, நல்ல வேளை இப்போதே பார்த்தேன். ஃபெண்டரில் துளையே கிடையாது, எப்போதோ முழு ஃபெண்டரையும் மாற்றியிருக்கிறார்கள் போல. ஆக கதவில் திறப்பது, ஃபெண்டரில் புதிதாகப் போடுவது என்று முடிவு. சேறு அறையில் ஒரு வாளி மண் வந்தது.

இப்போது துண்டு வாங்கும் கேள்விதான் பாக்கி. புதிது, பழையது இரண்டுமே கிடைக்கிறது. கண்ணாடிப் பட்டையையும் யாராவது சொல்லுங்கள், கண்ணாடி போடும் கம்பெனி ஒன்றில் கேட்டதற்கு மேலேயிருந்து தட்டி ஏற்றிவிடலாம் என்கிறார்கள்.

மெருகு_பட்டறை

கண்ணாடியில் ஆரம்பிக்கிறேன், அதை முதலில் தடுத்தாக வேண்டும். மேலேயிருந்து தட்டி ஏற்ற விடாதீர்கள். ஜிடியின் முன் கண்ணாடியில் வரிசை இதுதான்: கண்ணாடிக்கு ரப்பரை மாட்டுவது, ரப்பரின் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) பட்டையைச் செருகுவது, அதன்பிறகு ரப்பரின் வெளிக்காடியில் கயிறு சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, எல்லாவற்றையும் சேர்த்து உடம்பில் ஏற்றுவது. கண்ணாடி உடம்பில் உட்கார்ந்தபின் ரப்பர் இறுகிவிடும், அப்போது பட்டையை உள்ளே தள்ளினால் அது நெளியும், இல்லையென்றால் இரண்டு மாதத்தில் காற்றில் எழும்பும். ரப்பர் பழையது என்றால் மேல் பாதிப் பட்டைக்காகப் பாடுபடுவதை விட, புது ரப்பர், இரண்டு பாதிப் பட்டை, இணைப்பை மூடும் சின்ன மூடிகள் எல்லாவற்றையும் ஒன்றாக வாங்கி ஒரே மூச்சில் செய்துவிடுங்கள். எம்ஜிபியை இதற்கு முன் தொட்ட கை வேண்டும். எம்ஜி ஓனர்ஸ் கிளப்பில் விசாரித்தால் உங்கள் பக்கத்தில் யார் என்று சொல்வார்கள்.

சைடு பீடிங்கில் என் கருத்து: புதிதையும் பழையதையும் ஒரே பக்கத்தில் கலக்காதீர்கள். புதிதாக வருவதன் வளைவும் மினுமினுப்பும் பழையதோடு முழுக்க ஒத்துப்போகாது, கதவு மூடியிருக்கும்போது துண்டும் துண்டும் நேருக்கு நேர் நிற்பதால் அது நன்றாகவே தெரியும். புதிது வாங்குவதென்றால் இடது பக்கம் மூன்றும் வாங்கி, எடுத்த பழைய பின் துண்டைப் பத்திரமாக வையுங்கள். பழையதே வேண்டுமென்றால் கதவுக்கும் ஃபெண்டருக்கும் மட்டும் தேடினால் போதும். என் ஓட்டு பழையதற்குத்தான். ஐந்து லட்சத்துக்கும் மேல் கட்டிய வண்டி, உடைத்த வண்டிகளின் சாமான் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. செப்டம்பரில் பியூலி ஆட்டோஜம்பிள் என்ற பழைய கார் சாமான் சந்தைக்குப் போங்கள், நேரில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். கிளிப் மட்டும் எப்போதும் புதிது, பழைய கிளிப்பை அரைக் காசு மிச்சம் பிடிக்கத் திரும்பப் போடாதீர்கள்.

வாங்கும்போது ஒரு நுனியிலிருந்து துப்பாக்கி குறி பார்ப்பது போல நீளவாக்கில் பாருங்கள். சின்னக் குழி பரவாயில்லை, முறுக்கு இருந்தால் வேண்டாம், முறுக்கை எடுப்பது மிகக் கஷ்டம். ஸ்டெயின்லெஸ்ஸில் குழி இருந்தால் சீராக எடுக்கலாம்: பட்டையின் முதுகுக்குள் நுழையும்படி கடின மரத்துண்டு ஒன்றைச் செதுக்கி, உள்ளேயிருந்து சின்னச் சின்னத் தட்டாகத் தட்டி மேலே கொண்டுவர வேண்டும். ஒரே அடியில் எடுக்கப் பார்த்தால் உலோகம் நீண்டு மேடாகிவிடும். அப்புறம் மென் அரத்தால் லேசாக ஓட்டி மேடு பள்ளம் எங்கே என்று பார்த்து, மீண்டும் தட்டி, 400இல் ஆரம்பித்து 600, 800, 1200 என்று வாட்டர் பேப்பர், ஒவ்வொரு தாளுக்கும் முந்தையதன் கோடு மறையும்வரை. கடைசியில் சைசல் சக்கரம், பிறகு துணிச் சக்கரம். சக்கரம் பட்டையின் கீழ் முனையை நோக்கி ஓடி விலகும்படி பிடியுங்கள், மேல் முனையில் ஒருபோதும் சக்கரம் படவிடாதீர்கள், சக்கரம் நுனியைக் கவ்வினால் பட்டையும் போகும், கையும் போகும். மரப்பலகையில் கட்டி வைத்துச் செய்வது பத்திரம்.

கண்ணாடிப் பட்டை மாதிரி அலுமினியமாக இருந்தால் இந்த வழி உடனே வேலை செய்யாது, மேலே அனோடைஸ் என்ற கடினமான பாதுகாப்புப் படலம் இருக்கும், அதை காஸ்டிக் சோடாவில் எடுத்த பிறகுதான் மெருகு ஏறும். காந்தம் ஒட்டினால் அலுமினியம் இல்லை என்று நிச்சயம், ஆனால் ஒட்டவில்லை என்பதால் மட்டும் அலுமினியம் என்று முடிவு கட்டாதீர்கள், சில ஸ்டெயின்லெஸ்ஸிலும் காந்தம் ஒட்டாது. கையில் எடுத்துப் பார்த்தால் எடையே சொல்லிவிடும்.

பழையஇரும்பு

மெருகு சொன்னதோடு ஒன்று. ஃபெண்டர் மாற்றியது என்றால் அதன் மடிப்புக் கோடு கதவின் கோட்டோடு சேர்கிறதா என்று துளை போடுவதற்கு முன்னால் பாருங்கள். சேரவில்லை என்றால் ஃபெண்டர் போல்ட்டுகளைத் தளர்த்திக் கொஞ்சம் ஏற்றி இறக்கலாம், அதைச் செய்துவிட்டுத்தான் டொராண்டோ சொன்ன நூலைக் கட்ட வேண்டும். அப்புறம் கதவில் சுரண்டிய துளையை அப்படியே திறந்து வைக்காதீர்கள், பீடிங் வர மாதங்கள் ஆகலாம். துரு மாற்றும் திரவம் தடவி, பிரைமர் வைத்து, ரப்பர் மூடி ஒன்றைச் செருகிவிடுங்கள். பழைய செட் ஒன்று என் ஷெட்டில் இருக்கிறது, கதவுத் துண்டில் சின்னக் குழி, ஃபெண்டர் துண்டு சுத்தம். இடது பக்கத்துக்கு உரியதுதானா என்று சனிக்கிழமை எடுத்துப் பார்த்துப் படம் போடுகிறேன்.