சைக்ளோஸ்போரின் கண் சொட்டு: 3 வாரமாகியும் எரிச்சல்தான், நிறுத்திவிடலாமா?

பட்டர்வொர்த்_மகள்:

அம்மாவுக்கு 58 வயது. கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தல், காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் கண் மருத்துவர் பார்த்துவிட்டு நாள்பட்ட வறண்ட கண் என்றார். இமையில் காகிதத் துண்டு வைத்துக் கண்ணீர் அளந்ததில் 5 நிமிடத்தில் நனைந்தது வலது கண் 4 மி.மீ., இடது கண் 3 மி.மீ.

கொடுத்த மருந்து: சைக்ளோஸ்போரின் 0.05 விழுக்காடு காலையும் இரவும், ஃபுளோரோமெத்தலோன் 0.1 விழுக்காடு ஒரு நாளைக்கு 4 முறை 2 வாரத்துக்கு மட்டும், அதோடு செயற்கைக் கண்ணீர். ஃபுளோரோமெத்தலோன் போட்டவரை நன்றாக இருந்தது. அது முடிந்து ஒரு வாரம் ஆகிறது. இப்போது சைக்ளோஸ்போரின் போட்டாலே எரிகிறது, பலனும் தெரியவில்லை. நிறுத்திவிட்டு, நன்றாகக் கேட்ட அந்த இன்னொரு மருந்தையே மறுபடி வாங்கலாமா? சைக்ளோஸ்போரின் ஒருவேளைக் குப்பியில் நிறைய மிச்சமாகிறது, மூடிவைத்து இரவுக்குப் போடலாமா?

கூடுதல் விவரம்: மூக்கொழுகலுக்குத் தினமும் பிரிட்டன் (Piriton) மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் விரல் மூட்டு இறுக்கமாக இருக்கிறது. பிஸ்கட் சாப்பிட்டால்கூட பக்கத்தில் தண்ணீர் வேண்டும்.

செந்தூல்_பார்மசி:

நிறுத்த வேண்டாம் தங்கச்சி. இந்த மருந்துக்கு 3 வாரம் போதவே போதாது.

சைக்ளோஸ்போரின் கண்ணை நனைக்கிற மருந்து இல்லை. கண்ணீர்ச் சுரப்பியிலும் விழியின் மேற்பரப்பிலும் டி-செல் என்கிற வெள்ளை அணுக்கள் கிளப்பிவிடும் அழற்சியை அது அடக்குகிறது. அழற்சி தணிந்து, சுரப்பி தேறி, விழியின் மேல்தோல் ஆறி வர மாதக்கணக்காகும். 3 மாதத்தில் சிலருக்குத் தெரியும், பலருக்கு 6 மாதம் பிடிக்கும். எல்லாருக்கும் கேட்கும் என்றும் சொல்ல மாட்டேன். 0.05 விழுக்காடு மருந்துக்கு நடந்த ஆய்வுகளில், அதே காகிதச் சோதனையில் 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் கூடியவர்கள் 6 மாத முடிவில் 15 விழுக்காட்டினர். மருந்தில்லாத பால்மம் (எண்ணெயும் நீரும் கலந்த வெறும் சொட்டு) போட்டவர்களில் அது 5 விழுக்காடு. ஆகவே 6 மாதம் ஒழுங்காகப் போட்டுப் பார்த்த பிறகுதான் கேட்டதா இல்லையா என்று தீர்ப்பு சொல்ல முடியும்.

எரிச்சல் இந்த மருந்தின் அறிந்த பக்கவிளைவு, ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு வரும். விழியின் மேல்தோல் புண்ணாகியிருக்கும்போது அதிகம் எரியும், ஆற ஆறக் குறையும். மருந்துக்கு 15 நிமிடம் முன்னால் பாதுகாப்புப்பொருள் இல்லாத செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள், அதில் எரிச்சல் குறையலாம்.

ஃபுளோரோமெத்தலோனை மட்டும் உங்கள் இஷ்டத்துக்கு வாங்காதீர்கள். அது ஸ்டீராய்டு. சைக்ளோஸ்போரின் வேலை செய்யத் தொடங்கும்வரை தாங்கிப் பிடிக்கத்தான் 2 வாரக் கணக்கு. நீட்டிக்கொண்டே போனால் கண் அழுத்தம் ஏறும், கண்புரை வரும். அழுத்தம் ஏறுவது வலிக்காது, கண் சிவக்காது. அளந்து பார்த்தால்தான் தெரியும். நிறுத்தியதும் உறுத்தல் திரும்பியதை மருத்துவரிடம் சொல்லுங்கள், மறுபடி தேவையா என்று அவர் அழுத்தம் பார்த்து முடிவு செய்வார்.

மிச்சக் குப்பியை இரவுக்கு வைக்கக் கூடாது. உள்ளே பாதுகாப்புப்பொருள் கிடையாது, திறந்ததும் கிருமி புக வழி. 0.4 மில்லி வீணாகிறதே என்று மனசு கேட்காது, விலையும் கொஞ்சமில்லை. ஆனால் புண்ணான விழியில் கிருமித்தொற்று வந்தால் பார்வைக்கே ஆபத்து. இரண்டு கண்ணுக்கும் ஒரே நேரத்தில் ஒரு குப்பி, பிறகு குப்பைத்தொட்டி.

பட்டர்வொர்த்_மகள்:

நன்றி அண்ணே. அம்மாவுக்கு விரல் நடுங்குகிறது, பாதி சொட்டு கன்னத்தில்தான் விழுகிறது. எப்படிப் போடுவது சரி?

ஆயர்ஈத்தாம்_கண்ணாடிக்கடை:

படுக்க வைத்துப் போடுங்கள், உட்கார்ந்து அண்ணாந்து போடுவதைவிட அது எளிது. முதலில் கை கழுவவும். குப்பியைத் திறக்கும் முன் நாலைந்து முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தவும். அது எண்ணெயும் நீரும் கலந்த பால்மம், ஒரே சீரான வெள்ளையாகத் தெரிய வேண்டும். கலக்காமல் போட்டால் மருந்தின் அளவு சொட்டுக்குச் சொட்டு மாறும். கவிழ்த்த பிறகும் திட்டுத்திட்டாக நின்றால் அந்தக் குப்பி வேண்டாம்.

கீழ் இமையை ஆள்காட்டி விரலால் மெல்ல இழுத்தால் சிவந்த சின்னப் பை போலத் தெரியும். அம்மா மேலே பார்க்கட்டும். குப்பியின் நுனி இமைமயிரில்கூடப் படாமல் ஒரு விரற்கடை உயரத்திலிருந்து அந்தப் பைக்குள் ஒரே சொட்டு. கருவிழி மேல் நேராக விழுந்தால் அதிகம் சுடும், அதனால்தான் பலரும் திடுக்கிட்டுக் கண்ணை இறுக்கி மருந்தை வெளியே தள்ளிவிடுகிறார்கள். விட்டதும் கண்ணை மூடிக்கொள்ளலாம், இறுக்கக் கூடாது. மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் 1 நிமிடம் அழுத்திப் பிடிக்கவும், கண்ணீர் மூக்குக்குள் வடியும் துளை அங்கேதான். தொண்டையில் மருந்து கசந்தால் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது சொட்டு தேவையில்லை. ஒரு சொட்டே கண் தாங்குவதைவிட அதிகம், மிஞ்சியது கன்னத்தில் வழியத்தான் செய்யும். வழிவதைப் பார்த்து மருந்து போகவில்லை என்று நினைக்காதீர்கள்.

கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டுப் போட்டு, 15 நிமிடம் கழித்து மாட்டலாம். மருத்துவர் களிம்பும் கொடுத்திருந்தால் அது எல்லாவற்றுக்கும் கடைசி, முதலில் தடவினால் சொட்டு உள்ளே இறங்காது.

மருந்தை எங்கே வைக்கிறீர்கள்? பெட்டியில் எழுதிய வெப்பநிலையைப் பாருங்கள். நம் ஊர் சமையலறை 30 பாகையைத் தாண்டும், வெயிலில் நிறுத்திய காரைச் சொல்லவே வேண்டாம். உறைபெட்டியிலும் போடக் கூடாது, உறைந்தால் பால்மம் பிரிந்துவிடும்.

பிரிக்பீல்ட்ஸ்_தாதி:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் கேள்வியின் கடைசி 3 வரியை யாரும் தொடவில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

பிரிட்டன் என்பது குளோர்பெனிரமின். மூக்கொழுகலை உலர்த்துவது போலவே கண்ணீரையும் எச்சிலையும் உலர்த்தும். ஒரு பக்கம் சொட்டு, மறுபக்கம் தினம் ஒரு உலர்த்தும் மாத்திரை. மூக்குக்கு வேறு வழி உண்டா என்று கேளுங்கள், பெரும்பாலும் மூக்கில் அடிக்கும் மருந்து இருக்கும்.

மூட்டு இறுக்கமும், தண்ணீரில்லாமல் பிஸ்கட் இறங்காத வாய் வறட்சியும் சேர்ந்தால் ஷோக்ரென் நோயை நினைக்க வேண்டும். உடலின் எதிர்ப்பு சக்தியே கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்குவது அது. நடுவயதுப் பெண்களிடம்தான் அதிகம். அம்மாவுக்கு அதுதான் என்று இங்கிருந்து சொல்லவில்லை. கண் மருத்துவரிடம் இந்த 2 அறிகுறியையும் சொன்னீர்களா? கண் காட்டப் போன இடத்தில் விரலைப் பற்றிச் சொல்ல யாருக்கும் தோன்றாது. சொன்னால் ஷோக்ரென் இருக்கிறதா என்று பார்க்க உதவும் ஆன்டி-ரோ இரத்தப் பரிசோதனை எழுதுவார், தேவைப்பட்டால் மூட்டு மருத்துவரிடம் அனுப்புவார். பல்லையும் காட்டுங்கள், எச்சில் குறைந்தால் பல் சீக்கிரம் சொத்தையாகும்.

இரவில் மின்விசிறி முகத்துக்கு நேரே 5ஆம் வேகத்தில் சுற்றுகிறதா, ஏர்கோன் காற்று கட்டிலுக்கு நேரே வருகிறதா என்றும் பாருங்கள். இமை முழுதாக மூடாமல் தூங்குகிறவர்களுக்குக் காலை உறுத்தல் அதனாலேயே கூடும்.

பட்டர்வொர்த்_மகள்:

விரல் வலியைச் சொல்லவே இல்லை அக்கா. அடுத்த சந்திப்பு இன்னும் 5 வாரம் இருக்கிறது. இதற்காக முன்னதாகப் போகலாமா?

பிரிக்பீல்ட்ஸ்_தாதி:

கிளினிக்குக்கு அழைத்து, "ஸ்டீராய்டு நிறுத்தியதும் திரும்பிவிட்டது, வாயும் வறள்கிறது, மூட்டும் இறுகுகிறது" என்று 3ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள், தேதியை முன்னால் கொண்டுவரக் கேளுங்கள். சந்திப்புவரை சொட்டைத் தொடருங்கள். ஆனால் கடும் வலி, வெளிச்சம் பார்க்க முடியாத கூச்சம், சீழ், பார்வை மங்கல் இதில் ஒன்று வந்தாலும் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கையில் மூன்று கண் மருந்தின் பெட்டியையும் எடுத்துப் போங்கள், கூடவே பிரிட்டனையும்.